பராபவ பிறக்கிறது, பயப்படலாமா? ஆச்சியிடம் கேட்டவை

பங்குனி பாதி தாண்டினால் போதும், சித்திரை வருடப் பிறப்பைப் பற்றி என்னிடம் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். நாற்பது வருடமாக ஒரு பெரிய வீட்டின் சாவிக்கொத்தும் செலவுச் சிட்டையும் என் கையில் இருக்கின்றன. அதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. இந்த வருடம் வந்தவற்றில் பொதுவானவற்றுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். மாமியார் மேல் புகார் சொன்ன மூன்று பேருக்குத் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

*தேவகோட்டையிலிருந்து ஒரு தாயார்: மகளுக்கு ஆவணியில் கல்யாணம் பேசியிருக்கிறோம். வரப்போகிற வருடத்துக்குப் பராபவ என்று பெயராம். அதற்குத் தோல்வி, அவமானம் என்று பொருளாம். சம்பந்தி வீட்டில் யாரோ இதைக் கிளப்பிவிட்டு, அடுத்த வருடம் பார்க்கலாமா என்கிறார்கள். தூக்கம் வரவில்லை ஆச்சி.*

பொருள் அதுதான் அம்மா, மறைக்க வேண்டாம். 2026 ஏப்ரல் 14-ல் பிறப்பது அறுபது வருடங்களில் நாற்பதாவதான பராபவ. ஆனால் அறுபது பெயரையும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். விரோதி, துர்முகி, ரௌத்திரி, துன்மதி, ராட்சச என்று பயமுறுத்துகிற பெயர்கள் நிறைய. 2024-ல் பிறந்தது குரோதி, அதாவது கோபக்காரன். அந்த வருடம் காரைக்குடியில் கல்யாண மண்டபங்கள் காலியாகவா கிடந்தன? எனக்கு வந்த பத்திரிகைகளுக்கு மொய் எழுதியே கை ஓய்ந்துபோனது.

போன பராபவ 1966 ஏப்ரலில் பிறந்து 1967 ஏப்ரலில் முடிந்தது. அந்த வருடம் பிறந்தவள்தான் நான். அதே வருடம் மாசியில் தேர்தல் நடந்து காங்கிரஸ் தோற்றது, தி.மு.க. ஜெயித்து 1967 மார்ச் 6-ல் அண்ணா முதலமைச்சரானார். ஒரே வருடம், ஒரே பெயர். தோற்றவருக்குப் பெயர் பலித்தது என்றால் ஜெயித்தவருக்கு என்ன சொல்வது?

இன்னொன்று. 1966-67-ல் பிறந்த ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் இந்த வருடம் மணிவிழா. பிறந்த வருடத்தின் பெயர் அறுபது வருடம் சுற்றித் திரும்பி வருவதைத்தான் சாந்தி என்று தாலி கட்டிக் கொண்டாடுகிறோம். திருக்கடையூரில் இந்த வருடம் முழுக்கப் பராபவக்காரர்கள்தான் வரிசையில் நிற்பார்கள். அவர்களுக்கு ஆகிற வருடம் உங்கள் மகளுக்கு ஆகாதா?

ஒன்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். கிளப்பியவருக்குப் பயம் வருடத்தின் பெயர் மேலா, கல்யாணச் செலவின் மேலா? இரண்டாவது என்றால் செலவைக் குறைத்துப் பேசுங்கள், தேதி தானாக நிற்கும்.

*கோட்டையூர்க்காரர் ஒருவர்: வீட்டில் மளிகைக் கடை காலண்டர் ஒன்று, நகைக் கடை காலண்டர் ஒன்று. இரண்டிலும் வருடம் பிறக்கும் நேரம் வேறு வேறாகப் போட்டிருக்கிறது. எதை நம்புவது?*

ஒன்று வாக்கியப் பஞ்சாங்கம், மற்றொன்று திருக்கணிதம். வாக்கியம் பழைய சூத்திரங்களை வைத்துக் கணிப்பது, திருக்கணிதம் வானத்தில் இப்போது இருக்கும் நிலையைப் பார்த்துத் திருத்திக்கொள்வது. நேரம் முன்பின் ஆகும். சூரியன் மேஷத்துக்குள் போவது அஸ்தமனத்துக்கு முன்னால் என்றால் அன்றே சித்திரை 1, பின்னால் என்றால் மறுநாள். நம் பக்கத்து வழக்கம் இது. நம் கோயில்களில் பெரும்பாலும் வாக்கியம்தான். சாமி கும்பிட அதை வைத்துக்கொள்ளுங்கள். சண்டை போட இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை 1 என்றைக்குமே ஏப்ரல் 14 என்றும் நினைக்க வேண்டாம். ஜாலியன்வாலாபாக்கில் வெள்ளைக்காரன் சுட்டது 1919 ஏப்ரல் 13. அன்றைக்கு அங்கே பைசாகி, அதுவும் இதே மேஷப் பிறப்புதான். நம் வருடக் கணக்கு ஆங்கில வருடத்தைவிட ஒரு நூல் நீளம். எழுபது வருடத்துக்குச் சற்று மேல் போனால் ஒரு நாள் தள்ளிவிடும். பொங்கல் 14-ஆ 15-ஆ என்று இப்போதெல்லாம் குழம்புவதும் இதனால்தான்.

*கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி: உண்மையான தமிழ்ப் புத்தாண்டு தையா, சித்திரையா?*

2008-ல் தை 1 என்று சட்டம் போட்டார்கள், 2011-ல் அதை ரத்து செய்தார்கள். எங்கள் வீட்டில் தையில் பொங்கல் வைத்தோம், சித்திரையில் பச்சடி வைத்தோம், ஜனவரி 1-ல் விடியும் முன்பே எழுந்து பிள்ளையார்பட்டிக்குப் போய்க் கூட்டத்தில் நசுங்கினோம். மூன்றுக்கும் விடுமுறை உண்டு. உனக்கு என்ன நஷ்டம்?

*கானாடுகாத்தானில் வாழ்க்கைப்பட்டு வந்திருக்கும் சென்னைப் பெண்: வருடப் பிறப்புக்கு வெள்ளைப் பணியாரம் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு தடவை சுட்டுப் பார்த்தேன். முதல் தடவை எண்ணெயில் ஊறிய பஞ்சு. இரண்டாம் தடவை அப்பளம் மாதிரி தட்டை. அழுகை வருகிறது.*

அழாதே ஆத்தா. நான் வந்த புதிதில் சுட்டதை எங்கள் வீட்டு நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. உன்னுடையது அவ்வளவு மோசம் இல்லை.

முதல் தடவை உளுந்து கூடிவிட்டது, அதனால் எண்ணெய் குடித்தது. இரண்டாம் தடவை பயந்துபோய் உளுந்தைக் குறைத்திருக்கிறாய், உப்பவில்லை. அளவு இதுதான்: ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி நிரப்பு. அதன் மேலேயே உளுத்தம்பருப்பைக் கோபுரமாகக் கொட்டு. சரிந்து விழுகிற வரைக்கும் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் உளுந்து. தனியாகக் கரண்டியில் அளக்காதே.

இரண்டையும் ஒன்றாக இரண்டு மணி நேரம் ஊறவை. அரைக்கும்போது தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விடு, மொத்தமாக ஊற்றாதே. விரலிடுக்கில் தேய்த்தால் நறநறப்பு இருக்கக் கூடாது, அவ்வளவு மை. அப்புறம் உப்பு, ஒரு சிட்டிகை சீனி, இரண்டு கரண்டி காய்ச்சி ஆறிய பால். மாவு தோசைமாவைவிட ஒரு பிடி இளக்கமாக, கரண்டியிலிருந்து நாடாவாக இறங்க வேண்டும். புளிக்க விடவே கூடாது. அரைத்த கையோடு சுட வேண்டும்.

குழிவான இருப்புச்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் தீயைக் கொஞ்சம் தணி. குழிக்கரண்டியால் ஒரு கரண்டி மாவை நட்ட நடுவில் ஒரே வீச்சில் ஊற்று, பிறகு கையை எடுத்துவிடு. அது அடியில் போய் ஒரு நொடி யோசிக்கும். அப்புறம் விளிம்பு சுருங்காமல் தானாக மேலே வந்து நடுவில் புடைக்கும். புடைத்ததும் ஒரே ஒரு தடவை திருப்பு, சிவக்கும் முன் எடு. பெயரே வெள்ளைப் பணியாரம், பொன்னிறம் இங்கே வேண்டாம். ஒன்றை எடுத்த பிறகுதான் அடுத்தது. இரண்டு சேர்த்து ஊற்றினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

முதல் பணியாரம் யாருக்கும் சரியாக வராது. அதைப் பிள்ளையாருக்கு என்று ஓரமாக வைத்துவிடு. அவர் குறை சொல்லமாட்டார். எண்ணெய் குடித்தால் மாவில் ஒரு கை அரிசிமாவு, தட்டையாக வந்தால் கொஞ்சம் உளுந்து அரைத்துச் சேர்த்தல், இவ்வளவுதான் வைத்தியம். தொட்டுக்கொள்ள வரமிளகாயும் பூண்டும் வைத்து அரைத்த துவையல் போதும்.

*ஒரு அப்பா: பச்சடியில் வேப்பம்பூ போட்டால் பிள்ளைகள் தொடுவதில்லை. விட்டுவிடலாமா?*

விடாதீர்கள், ஏமாற்றுங்கள். பங்குனிக் கடைசியில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்தால் விடிவதற்குள் பூ கொட்டியிருக்கும். காம்பை ஊதிப் புடைத்துவிட்டு நிழலில் உலர்த்துங்கள். பச்சையாகப் போடுவதால்தான் அந்தக் கசப்பு. கால் கரண்டி நெய்யில் கறுக்கிற பக்கத்துக்குப் போகும்வரை வறுத்து, கிளிமூக்கு மாங்காயும் வெல்லமும் வெந்து பாகான பச்சடியில் கடைசியாகத் தூவுங்கள். மொறுமொறுவென்று இருக்கும், பிள்ளைகள் ஏதோ மிக்சர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

*மலேசியாவிலிருந்து வருகிற பங்காளிகளில் ஒருவர்: ஊர் வீட்டை ஆறு வருடம் கழித்துத் திறக்கிறோம். எட்டுப் பங்கு. யார் முன்னால் போவது, யார் செலவழிப்பது என்று இப்போதே பேச்சு முற்றுகிறது. ஆத்தங்குடிக் கல் தரையில் போன தடவை யாரோ ஆசிட் ஊற்றிப் பூவெல்லாம் வெளுத்துவிட்டது.*

செலவை முதலில் முடித்துக்கொள்வோம். பங்குக்கு இவ்வளவு என்று பிரித்தால் ஒரு பங்கில் ஒரே ஒரு பிள்ளை, இன்னொன்றில் ஐந்து பிள்ளைகள் குடும்பத்தோடு என்று சண்டை வரும். கோயிலுக்குப் புள்ளி வரி எடுக்கிறோமே, அதுபோலக் கல்யாணமான ஒரு சோடிக்கு ஒரு புள்ளி என்று போடுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் புள்ளிப் பணம் உண்டு என்று முன்னாலேயே எழுதிவிடுங்கள். சிட்டையை ஒருவர் எழுத, இன்னொருவர் பணத்தை வைத்திருக்கட்டும்.

திறப்பதற்கு நான்கு நாள் முன்னால் பகலில் ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முகப்புக் கதவைத் திறந்ததும் உள்ளே ஓடாதீர்கள். நடு முற்றமான வளவில் வெளிச்சம் உண்டு, அதற்குப் பின்னால் இருக்கிற இரண்டாங்கட்டு அறைகள் இருட்டு. பாம்பு, தேள் இருக்கலாம், கம்பால் தட்டிவிட்டுப் போங்கள். மெயின் சுவிட்சை நீங்களே போட வேண்டாம், எலி ஒயரைக் கடித்திருக்கும், எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகு போடட்டும். நிலைப்படியில் கரையான் கோடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பர்மாத் தேக்குக்குக் கரையான் வராது என்பார்கள். பக்கத்தில் சாத்திவைத்த மாமரப் பலகைக்கு வரும்.

தரைக்கு வருவோம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடிப் பலகை மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் சேர்த்து, தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து எடுப்பது. மேலே இருக்கிற பூ வெறும் சிமெண்ட் தோல். ஆசிட் அதைத் தின்றுவிடும். வெளுத்தது வெளுத்ததுதான், அந்தக் கல்லை மாற்றினால்தான் உண்டு. மற்றதைப் பெருக்கி, வெறும் தண்ணீரில் துணி முக்கித் துடையுங்கள். காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு ஒற்று ஒற்றினால் பளபளக்கும். ஒற்று என்றுதான் சொன்னேன். ஊற்றினால் வயதானவர்கள் யாராவது வழுக்கி விழுந்து வருடப் பிறப்பு ஆஸ்பத்திரியில் பிறக்கும். நடுவீட்டுக் கோலத்தைப் பெயிண்டில் போடாமல், பச்சரிசி மாவைக் கரைத்துத் துணியில் நனைத்து விரலால் இழுங்கள்.

*காரைக்குடியில் ஒரு கடைக்காரர்: ராசிபலனில் இந்த வருடம் எனக்கு அஷ்டமச் சனியாம். கடையை விரிவு பண்ணலாமா?*

போன வருடம் உங்களுக்கு நல்ல காலம் என்று போட்டிருந்தார்களா? லாபம் வந்ததா? அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். வருடப் பிறப்பன்று தங்கம் வாங்க வேண்டுமா என்று கேட்ட நால்வருக்கும் இதே பதில்: கடன் வாங்கி வேண்டாம்.

*புதுவயலிலிருந்து ஒரு பெரிய ஆச்சி: எனக்கு அறுபத்தெட்டு வயது ஆகிறது ஆச்சி. மகன் சிங்கப்பூரில். வருடப் பிறப்பன்று இரவு ஒன்பதுக்கு மேல்தான் கூப்பிடுவான். அதுவரை வீட்டில் பேச ஆள் இல்லை.*

ஆச்சி, அங்கே அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, வேலை நாள். அவர்கள் மணி நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். நம் ராத்திரி ஒன்பது அவனுக்குப் பதினொன்றரை. தூக்கக் கண்ணோடுதான் பேசுவான். நீங்கள் காலை ஐந்தரைக்கே கூப்பிடுங்கள். அவன் வேலைக்குக் கிளம்புகிற எட்டு மணி அது. சாமி அறையில் தட்டு வைத்து, விளக்கேற்றி, போனை அதற்கு முன்னால் சாய்த்து வையுங்கள். பேரப்பிள்ளைகள் முதலில் பார்ப்பது அதுவாக இருக்கட்டும். கையில் கொடுக்கிற காசை ஒரு உறையில் பெயர் எழுதிப் போட்டு வைத்தால், வருகிறபோது வாங்கிக்கொள்வார்கள். என் பெட்டகத்தில் அப்படிப் பதினோரு உறை இருக்கிறது.

*கல்லலிலிருந்து ஒரு கணக்காளர்: பழைய பேரேடுகளில் முதல் பக்கத்தில் என்ன எழுதினார்கள்?*

எங்கள் வீட்டுப் பேரேட்டில் பிள்ளையார் சுழி, சிவமயம், ஊர், வருடம், மாதம், தேதி. அப்புறம் மஞ்சள். முதல் வரி முன்பாக்கி, போன ஏட்டில் நின்றது எதுவோ அது. யார் தர வேண்டும், யாருக்குத் தர வேண்டும் என்று இரண்டும் வரும். புது ஏடு என்பதற்காகப் பழைய கடனைக் காணாமல் போகச் செய்ததாக எங்கள் வீட்டு ஏடு ஒன்றிலும் நான் பார்க்கவில்லை. நான் இன்றைக்கும் வீட்டுச் சிட்டையை அப்படித்தான் தொடங்குகிறேன். பால்காரருக்குப் பாக்கி உண்டென்றால் அதுதான் என் முதல் வரி.

*ஊர் எழுதாத ஒரு பெண்: வீட்டுக்காரர் போன ஐப்பசியில் தவறிவிட்டார். தலைத் திவசம் வரை பண்டிகை கிடையாது என்று தெரியும். ஆனால் ஏழு வயதுப் பையன், "நமக்கு மட்டும் ஏன் பணியாரம் இல்லை?" என்று கேட்கிறான்.*

அவன் கேட்பது நியாயம். வழக்கத்தைச் சொன்னவர்களும் பிள்ளை வாயைக் கட்டச் சொல்லவில்லை. அந்த ஒரு வருடம் நாம் எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டார் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பதும் அதே வழக்கம்தான். கொடுப்பவர்கள் மறந்துவிட்டார்கள் என்றால் வெட்கப்படாமல் கேளுங்கள். பச்சடி கொஞ்சம் நீங்களே வையுங்கள், அது இனிப்பு மட்டும் இல்லையே. கோலம் வேண்டாம் என்றால் வாசலைத் தெளித்துவிட்டு மட்டும் விடுங்கள்.

காரைக்குடிக்குப் பக்கம் என்றால் ஊரை எழுதுங்கள். அன்றைக்கு நான் பத்துப் பணியாரம் கூடுதலாகச் சுட்டுத் தூக்குவாளியில் அனுப்புகிறேன். வாளியை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பார்கள். இந்தத் தடவை வெறும் வாளியாகவே வரட்டும், கழுவிக்கூட வைக்க வேண்டாம்.