ஞாபகப் பயிற்சி கொடுத்தால் மகள் தேறிவிடுவாளா?

அன்புள்ள ஐயா,

என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பத்தாம் வகுப்பு வரை நன்றாகப் படித்தவள். இந்த வருடம் எதைப் படித்தாலும் மறந்துபோகிறது என்கிறாள். சில மாதங்களாகச் சரியான தூக்கம் இல்லை, சாப்பாடும் குறைந்துவிட்டது. கேட்டால், “எனக்கு எதுவுமே வராதும்மா, எப்பவுமே இப்படித்தான்” என்று அழுகிறாள். எங்கள் ஊரில் நினைவாற்றல் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. ஞாபகசக்தி கூடினால் பயமும் சோர்வும் தானாகப் போய்விடும், மூன்று மாதத்தில் மாற்றம் தெரியும் என்கிறார்கள். ஃபீஸ் அதிகம்தான். சேர்த்துவிடலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் மகளை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, அழுகையோடு சேர்ந்து மறதியும் வந்திருக்கிறது. இது மனச்சோர்வின் ஒரு பகுதியாக இருக்கலாம். மனம் சோர்ந்த பிள்ளைக்குப் புத்தகத்தில் கவனம் நிற்காது. கவனம் நிற்காவிட்டால் படித்தது மனதில் பதிவதே இல்லை, அப்புறம் எங்கிருந்து ஞாபகம் வரும்? மறதியால்தான் சோர்வு வந்தது என்று மையத்தார் சொல்வது பெரும்பாலும் தலைகீழான கணக்கு.

ஞாபகப் பயிற்சியால் பதின்வயதுப் பிள்ளைகளின் பதற்றம் குறையுமா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் 11 முதல் 18 வயது வரையுள்ள 168 பேரிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2016இல் வெளிவந்தது. வாரம் இரண்டு முறை, நான்கு வாரம், இணையம் வழியாகப் பயிற்சி. ஒரு பிரிவினருக்கு உண்மையான பயிற்சி, மற்றவர்களுக்கு அதேபோல் தோன்றும் போலிப் பயிற்சி. இரண்டு தரப்பிலுமே பதற்றமும் சோர்வும் குறைந்தன. அப்படியென்றால் அந்தக் குறைவைப் பயிற்சியின் கணக்கில் எழுத முடியாது. லண்டனில் நடந்த வேறோர் ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்று ஒரு தாயிடம் உறுதி சொல்லும் அளவுக்கு இதில் ஆதாரம் கிடையாது. மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற லுமோசிட்டி நிறுவனம், பள்ளியிலும் வேலையிலும் திறமை கூடும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக 2016இல் அமெரிக்காவில் இருபது லட்சம் டாலர் கட்ட வேண்டிவந்தது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது மகள் சொன்ன “எப்பவுமே இப்படித்தான்” என்ற சொல். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வை மார்க் வில்லியம்ஸ், கீத் பிராட்பென்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் வெளியிட்டார்கள். ‘மகிழ்ச்சி’ போல ஒரு சொல்லைக் கொடுத்து, அதையொட்டி நடந்த ஏதாவது ஒரு நாளைச் சொல்லச் சொல்வார்கள். மற்றவர்கள் “தங்கச்சி பிறந்தநாள் அன்னைக்கு” என்று ஒரு நாளைப் பிடித்துச் சொல்லிவிடுகிறார்கள். இவர்களோ “ஃபிரெண்ட்ஸோட இருக்கும்போது” என்று பொதுவாகவே நின்றுவிடுகிறார்கள். மனச்சோர்விலும் இதேதான் நடக்கிறது என்பது பிறகு பல ஆய்வுகளில் தெரிந்தது. தனித்தனி நாட்கள் கரைந்து, எல்லாம் சேர்ந்து ஒரே தோல்வியாகத் தெரிகிறது.

இதைச் சரிசெய்யவும் ஒரு பயிற்சி உண்டு. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் ராஸும் மற்றவர்களும் உருவாக்கி 2009இல் வெளியிட்டார்கள். எண்களை மனப்பாடம் செய்வதெல்லாம் இதில் இல்லை. ஒரு குறிப்பிட்ட நாள், இடம், கூட இருந்தவர், கேட்ட சத்தம் என்று நுணுக்கமாக நினைவுகூரப் பழக்குகிறார்கள். ஈரானில் அகதிகளாக இருந்த, நெருங்கியவரைப் பறிகொடுத்து மனச்சோர்வில் இருந்த 23 ஆப்கன் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். 12 பேருக்கு ஐந்து வாரம் குழுவாகப் பயிற்சி. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெறாதவர்களைவிட அவர்களுக்குச் சோர்வு குறைந்திருந்தது. 2013இல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே மனம் நிறைந்தது. ஆனாலும் இது சின்ன ஆய்வு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பயிற்சி முடிந்ததும் தெரியும் பலன் நாளாக ஆகக் குறைந்துவிடுகிறது என்றே தெரிந்தது. சிகிச்சைக்குத் துணையாக இருக்கலாம், அதற்கு மேல் இதன்மேல் பாரம் ஏற்றக் கூடாது.

இதிலிருந்து நீங்கள் வீட்டில் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. “ஸ்கூல் எப்படி இருந்தது?” என்று கேட்டால் “மோசம்” என்பாள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “மத்தியானம் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டே?” என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் நாளில் நடந்த ஒன்றையும் அப்படியே சொல்லுங்கள். வலிக்கிற நினைவைத் தோண்ட வேண்டாம், அது பயிற்சி பெற்றவர்கள் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டியது. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவள் சொல்வதைத் திருத்தாதீர்கள், மார்க் போடாதீர்கள். பயிற்சி மையத்தை நான் இப்போது வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். அங்கே போய் இன்னொரு பரீட்சையிலும் தோற்றதாக அவள் நினைத்துவிட்டால் என்ன செய்வோம்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே செலவு இராது. ‘செத்துப்போகலாம் போல இருக்கு’ என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் நாள் பார்க்காதீர்கள், அன்றைக்கே அழைத்துப் போங்கள், அதுவரை அவளைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை (அரசின் மனநல உதவி எண்) இரவிலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள், இலவசம். வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மருத்துவரைப் பார்த்த பிறகு என்ன சொன்னார் என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.