பேஸ்மென்டுக்கு வந்த கடுவனும் பூச்சட்டி மண்ணும்

தங்கச்சி, நீங்கள் கேட்டதை எனக்கு விளங்கியபடி முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நான்கு மாதம். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பேஸ்மென்ட் வாடகை. கோடை முழுக்கப் பின்வளவில் திரிந்த சாம்பல் நிறக் கடுவன் பூனை ஒன்றுக்கு மீன்தலை போட்டுப் பழக்கிவிட்டீர்கள். நவம்பர் குளிர் தொடங்க, மனம் கேட்காமல் உள்ளே எடுத்துவிட்டீர்கள். அது மலசலம் கழிக்க ஒரு பெட்டியும், அதற்குள் மண்ணுக்குப் பதிலாகக் கொட்டுகிற லிற்றர் என்ற குருணியும் வாங்கி வைத்தாயிற்று. அதுவோ பெட்டியை ஒருமுறை மணந்து பார்த்துவிட்டு நேரே போய்ப் பூச்சட்டியிலும் பாத்ரூம் கால்மிதியிலும் கழிக்கிறது. "ஊரில் எந்தப் பூனைக்கு அண்ணா இதெல்லாம் பழக்கினோம், எங்கே தொடங்குவது, வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் வீட்டை விட்டு எழும்பச் சொல்வாரா" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊரில் பழக்கவில்லைதான். அங்கே முற்றமே மணல். அம்மா விடியக் கூட்டி வரி போட்ட முற்றத்தில் பத்து நிமிடத்தில் ஒரு சின்னக் குவியல் எழும்பியிருக்கும், தும்புத்தடியோடு அம்மா திரும்ப வருவார். தோண்டு, இரு, மூடு என்ற மூன்றும் பூனைக்குப் பிறவிப் பாடம். உங்கள் கடுவன் பூச்சட்டியைத் தேடிப் போனதே அது பாடத்தை மறக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி. பெட்டிக்குள் கிடப்பது மண் என்றுதான் அதற்குத் தெரியவில்லை.

இதை நான் அரிசிப் பை ஒன்றைப் பறிகொடுத்துத்தான் படித்தேன். 1998 கடைசியில், என்னோடு வேலை செய்தவர் வீடு மாறும்போது ஒரு மஞ்சள் வரிக் கடுவனைத் தந்துவிட்டுப் போனார். ஆறு வருசம் வெளியிலேயே வளர்ந்த பூனை. நான் வடிவாக, மூடி போட்ட பெட்டியும் பூவாசனை லிற்றரும் வாங்கி, ஒதுக்குப்புறமாக இருக்கட்டும் என்று உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தேன். அது முதல்முறை தலையை உள்ளே விட்ட நேரம் மெஷின் வேகமாகச் சுற்றத் தொடங்கிவிட்டது. அதோடு சரி. மூன்றாம் நாள் குசினி மூலையில் இருந்த இருபது இறாத்தல் சிவப்பரிசிப் பை நனைந்திருந்தது. மனைவி அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை, பூனையோடு மட்டும் கதைத்தார்.

அடுத்த கிழமைதான் 1999 ஜனவரிப் பெரும் பனி. ரொறன்ரோ மேயர் ஸ்நோ அள்ளுவதற்கு இராணுவத்தைக் கூப்பிட்டு, நாடு முழுக்கச் சிரித்த அதே பனி. வளவு மண் கல்லாக இறுகிக் கிடந்தது. காரின் பின்பக்கம் சறுக்காமல் இருக்க டிக்கியில் போட்டு வைத்திருந்த மணல் மூட்டை ஞாபகம் வந்தது. உப்புக் கலக்காத வெறும் மணல். மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு அதில் பாதியைப் பெட்டிக்குள் கொட்டி, கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மூலையில் வைத்தேன். இரவு இரண்டு மணிக்கு "சரக்... சரக்..." என்று சத்தம். இருவரும் மூச்சுவிடாமல் படுத்திருந்தோம். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு திரும்பவும் "சரக்", இம்முறை நீளமாக, மூடுகிற சத்தம். மனைவி இருட்டுக்குள் கையைத் தட்டப் போக, நான் பிடித்து நிறுத்தினேன்.

இதே சிக்கலில்தான் இந்த லிற்றர் வியாபாரமே பிறந்தது. 1947 குளிர்காலத்தில், நமக்குப் பக்கத்து மிச்சிகனில், பூனைக்குப் போடும் மணல் உறைந்துவிட்டது என்று அயலில் இருந்த பெண்மணி ஒருவர் எட் லோ என்பவரிடம் மணல் கேட்டு வந்தாராம். அவர் வேலைத்தளங்களில் சிந்தும் எண்ணெயை உறிஞ்ச விற்று வந்த களிமண் குருணியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அதற்கு முன் மணலும் அடுப்புச் சாம்பலும்தான். சாம்பல் மிதித்த காலோடு பூனை வீடு முழுக்க நடந்ததை யோசித்துப் பாருங்கள்.

சரி, உங்கள் கடுவனுக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் முன்பு மிருக வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள். தோலுக்குள் சொந்தக்காரரை அறிய உதவும் சிப் இருக்கிறதா என்று அவர்கள் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். கோடை முழுக்க நீங்கள் சோறு போட்டது இன்னொருவரின் பூனையாகவும் இருக்கலாம். சொந்தக்காரர் இல்லையென்றால் விசர்நாய்த் தடுப்பூசி போட்டு, விதை எடுத்துவிடுங்கள். விதை எடுக்காத கடுவன் சுவரில் பீச்சியடிப்பது பெட்டிப் பழக்கத்தோடு சம்பந்தப்பட்டதே அல்ல, அது எல்லை குறிக்கிற வேலை. எத்தனை பெட்டி வைத்தாலும் நிற்காது. இன்னொன்றைக் கவனமாகக் கேளுங்கள். கடுவன் அடிக்கடி குந்தி, முக்கி, கத்தி, ஒரு சொட்டும் வராமல் எழும்பினால் மூத்திரக் குழாய் அடைத்திருக்கலாம். இது விடியும்வரை பொறுக்கிற விசயம் அல்ல, ஒரு நாள் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இரவென்றாலும் அவசர வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள்.

பெட்டி பெரிதாக, திறந்ததாக இருக்க வேண்டும். மூக்கிலிருந்து வாலடி வரை பூனையின் நீளத்தை அளந்து, அதன் ஒன்றரை மடங்கு. பூனைக் கடைப் பெட்டிகளில் பாதி இந்தக் கணக்குக்கு வராது. கட்டிலுக்குக் கீழே உடுப்பு வைக்கிற அகலமான பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி, ஒரு பக்கத்தை ஏறி இறங்கத் தாழ வெட்டிவிடுங்கள், காசும் மிச்சம். ஒரு பூனைக்கு இரண்டு பெட்டி, வேறுவேறு இடத்தில். மெஷினுக்கும் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கும் பக்கத்தில் வேண்டாம். சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்திலும் வேண்டாம், நாமே இருக்க மாட்டோம்.

உள்ளே போடுவதில்தான் விசயமே இருக்கிறது. இப்போது வளவில் தோண்ட முடியாது. பிள்ளைகள் விளையாடும் மணல், உரம் கலக்காத சட்டி மண் இரண்டும் பெரிய ஹார்ட்வேர் கடைகளில் குளிர்காலத்திலும் கிடைக்கும். முதல் ஒரு கிழமை மூன்று பங்கு மண்ணும் ஒரு பங்கு லிற்றரும். அந்த லிற்றர் வாசனை இல்லாததாக, நனைந்தால் கட்டியாகிற நுண்ணிய வகையாக இருக்கட்டும். இரண்டு மூன்று அங்குல ஆழம் போதும். அப்புறம் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மண்ணைக் குறைத்து லிற்றரைக் கூட்டுங்கள். இடையில் ஒரு தடவை பெட்டிக்கு வெளியே இருந்துவிட்டால் முந்தின அளவுக்குத் திரும்புங்கள். எங்கள் வரியனுக்கு ஐந்து கிழமை எடுத்தது. பனி உருகும்வரை அவசரப்பட உங்களுக்கும் காரணம் இல்லை.

இந்த நாள்களில் வீடு முழுக்கத் திரிய விடாதீர்கள். ஒரு சின்ன அறை, ஒரு மூலையில் சாப்பாடும் படுக்கையும், எதிர் மூலையில் பெட்டி. கால்மிதியை எடுத்துவிடுங்கள், மெத்தென்று இருப்பதெல்லாம் அதற்கு மண்தான். சாப்பிட்ட பிறகும் நித்திரையால் எழும்பிய பிறகும் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுங்கள். காலைப் பிடித்துத் தோண்டிக் காட்ட வேண்டாம், நான் செய்து பார்த்துக் கீறல் வாங்கியிருக்கிறேன். வெளியே இருந்த கக்காவில் கொஞ்சத்தை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டால் இடத்தை மணத்தால் கண்டுபிடிக்கும். ஏசுவதும் மூக்கை அதில் தேய்ப்பதும் நமது ஆட்கள் கைவிடாத வைத்தியங்கள். அதனால் பூனை கற்றுக்கொள்வது உங்களுக்கு ஒளித்துச் சோபாவுக்குப் பின்னால் இருப்பதைத்தான்.

இருந்த இடத்தைத் துடைக்கக் கையைக் கட்டாயம் டெற்றோல் போத்தலுக்குக் கொண்டுபோவீர்கள். வேண்டாம். அது பூனைக்கு நஞ்சு, மிதித்த காலை நக்கினாலே உள்ளே போய்விடும். அமோனியா கலந்த கிளீனரும் மூத்திர மணம்போலவே மணத்து, "இங்கேதான்" என்று அதற்குச் சொல்லும். என்சைம் கிளீனர் என்று கேட்டு வாங்குங்கள், ஊறவிட்டுத் துடையுங்கள்.

பெட்டியை ஒவ்வொரு நாளும் அள்ளுங்கள். பிள்ளை வயிற்றில் இருந்தால் அந்த வேலை உங்கள் கணவருடையது. வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய டொக்சோபிளாஸ்மா என்ற கிருமி பூனை மலத்தில் வெளியேறித் தொற்றும் பருவத்துக்கு வர ஒரு நாளாவது எடுக்கும், நாளாந்தம் அள்ளச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். அள்ளியதைக் கழிவறையில் ஊற்றினால் கட்டியாகிக் குழாயை அடைக்கும். ரொறன்ரோவில் கிறீன் பின் என்கிற உக்கும் கழிவுத் தொட்டியில் போடலாம்.

வீட்டுக்காரர் கதை: நமது மாகாணமான ஒன்ராறியோவின் 2006 வாடகைக் குடியிருப்புச் சட்டம், 14ஆம் பிரிவின்படி, "மிருகம் வளர்க்கக் கூடாது" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அந்த வரி செல்லாது. ஆனால் குசினியையோ குளியலறையையோ வீட்டுக்காரரோடு சேர்ந்து பாவிக்கிறீர்கள் என்றால் அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது, பேஸ்மென்ட்காரர் பலர் இதை அறியாமல் வாதாடி மாட்டுப்பட்டிருக்கிறார்கள். தனிக் குசினி, தனி பாத்ரூம் என்றாலும் பூனை நிலத்தைப் பழுதாக்கினாலோ வீட்டுக்காரருக்கு ஒவ்வாமை வந்தாலோ நடவடிக்கை எடுக்கலாம். ஒளிக்காமல் நீங்களே சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம். ஆனால் பெட்டி பழகிய பிறகு, மணமில்லாத ஒரு நாளில். நகரத்தில் பூனைக்கும் லைசன்ஸ் எடுக்க வேண்டும், அதையும் முடித்துவிடுங்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்தப் பூச்சட்டியை எட்டாத உயரத்தில் தூக்கி வையுங்கள். அதற்கு முன் அதிலிருந்து இரண்டு கை மண்ணை, அது நனைத்த பக்கமாகப் பார்த்து அள்ளி, பெட்டியில் மேலாகத் தூவிவிடுங்கள்.