‘பஸ்’ என்ற ஒரு சொல்லுக்கு 150 கோடி டாலர்: சிப் காப்புரிமைத் தகராறுகள், கேள்வி-பதில்

கேள்வி: சில்லு செய்யும் இரண்டு கம்பெனிகள் தங்கள் காப்புரிமைகளுக்கு ஒன்றுக்கொன்று உரிமம் கொடுத்துக்கொண்ட பிறகும் ஏன் கோர்ட்டுக்குப் போகிறார்கள்?

பதில்: உரிமம் இருக்கிறதா இல்லையா என்று சண்டை வருவது குறைவு. எந்தப் பொருளுக்கு இருக்கிறது என்பதில்தான் வரும். இன்டெலும் என்விடியாவும் 2004 நவம்பரில் போட்ட ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்டெல் பிராசஸருக்குப் பொருந்தும் சிப்செட்டை (பிராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் துணைச் சில்லுகளை) என்விடியா செய்து விற்கலாம் என்பது அதில் ஒரு பகுதி. அன்றைய மதர்போர்டில் பிராசஸர் ஒரு சில்லு. மெமரி கன்ட்ரோலரைச் சுமக்கும் நார்த்பிரிட்ஜ் இன்னொரு சில்லு. இரண்டையும் இணைத்தது ஃபிரன்ட் சைடு பஸ் என்ற தரவுப் பாதை. 2008 நவம்பரில் நெஹலம் வகை கோர் ஐ7 வந்தபோது மெமரி கன்ட்ரோலர் பிராசஸருக்குள்ளேயே குடிபோய்விட்டது. பழைய பஸ் ஒழிந்து க்யூபிஐ என்ற புதிய இணைப்பு வந்தது, அடுத்த மாடல்களில் டிஎம்ஐ என்ற இணைப்பு.

மெமரி கன்ட்ரோலர் உள்ளடங்கிய பிராசஸர்களுக்கு அந்த உரிமம் பொருந்தாது என்று அறிவிக்கக் கோரி 2009 பிப்ரவரியில் இன்டெல் டெலவேர் கோர்ட்டுக்குப் போனது. மறுமாதமே என்விடியா எதிர்வழக்குப் போட்டது. தீர்ப்பு வரவே இல்லை. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, 2009 அக்டோபரில், புதிய இன்டெல் பிராசஸர்களுக்கான சிப்செட் வேலையை என்விடியா நிறுத்திவைத்தது. உரிமம் சந்தேகத்தில் தொங்கும் சில்லை நம்பி எந்த மதர்போர்டுக்காரர் டிசைன் தொடங்குவார்? 2011 ஜனவரியில் சமரசம்: ஆண்டுத் தவணைகளில் இன்டெல் 150 கோடி டாலர் கொடுக்கும், என்விடியாவின் காப்புரிமைகளைப் பயன்படுத்தும். எக்ஸ்86 (இன்டெல் வகை பிராசஸர் செய்யும்) உரிமமோ புதிய இன்டெல் பிராசஸர்களுக்கான சிப்செட் உரிமமோ என்விடியாவுக்குக் கிடைக்கவில்லை.

இணைப்பின் பெயரைச் சொல்லி உரிமம் எழுதுவதாக இருந்தால், அடுத்த தலைமுறையில் அந்த இணைப்பே மாறினால் என்ன ஆகும், மாறியது என்று யார் முடிவு செய்வது என்பதையும் அதே பத்தியில் எழுதிவிட வேண்டும்.

கேள்வி: கம்பெனி கைமாறினால் உரிமமும் கூடவே போகுமா?

பதில்: ‘துணை நிறுவனம்’, ‘கட்டுப்பாடு’ ஆகிய சொற்களுக்கு ஒப்பந்தம் என்ன பொருள் சொல்கிறதோ அதுதான் விடை. 2009 மார்ச்சில் இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி தன் ஃபேப்களை (சில்லு செய்யும் ஆலைகளை)ப் பிரித்து, அபுதாபி முதலீட்டில் குளோபல்ஃபவுண்ட்ரீஸ் ஆக்கியது. இது ஒப்பந்தப்படி ஏஎம்டியின் துணை நிறுவனமே அல்ல, ஆகவே அங்கே செய்யும் சில்லுகளுக்கு உரிமம் இல்லை என்று இன்டெல் 60 நாள் கெடு வைத்தது. கெடு வைத்ததே ஒப்பந்த மீறல் என்று ஏஎம்டி திருப்பியடித்தது. ஏகபோகப் புகார்களையும் சேர்த்து எல்லாம் அந்த நவம்பரில் ஒரே சமரசத்தில் முடிந்தன: ஏஎம்டிக்கு 125 கோடி டாலர், ஐந்தாண்டுக்குப் புதிய பரஸ்பர உரிமம்.

இதைவிட நுட்பமானது, காப்புரிமைகளை வைத்திருக்கும் விஎல்எஸ்ஐ என்ற கம்பெனி இன்டெல் மேல் தொடுத்த வழக்கு. 2021 மார்ச்சில் டெக்சஸ் ஜூரி இன்டெலை 217.5 கோடி டாலர் கட்டச் சொன்னது. 2023 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து செய்ததோடு, இன்டெலின் இன்னொரு வாதத்துக்கும் கதவைத் திறந்துவிட்டது. 2012இல் ஃபின்ஜன் என்ற வேறொரு கம்பெனியோடு இன்டெல் ஓர் உரிமம் போட்டிருந்தது. ஃபின்ஜனோடு ஒரே கட்டுப்பாட்டின் கீழ் பின்னாளில் வரும் நிறுவனங்களின் காப்புரிமைகளும் அதில் அடக்கம் என்பது இன்டெலின் வாதம். 2020இல் ஃபோர்ட்ரஸ் முதலீட்டுக் குழுமம் ஃபின்ஜனை வாங்கியது. விஎல்எஸ்ஐயும் ஃபோர்ட்ரஸ் நிர்வகிக்கும் நிதிகளின் பணத்தில் ஓடுவதுதான். இரண்டும் ஒரே கட்டுப்பாட்டில் இருப்பதாக 2025 மே மாதம் ஜூரி சொன்னது. ஃபின்ஜனை வாங்கியவர்கள் அந்தப் பழைய வரையறையை எத்தனை முறை படித்துப் பார்த்தார்களோ!

கேள்வி: பிராண்டட் பிராசஸர், பிராண்டட் மெமரி வாங்கி சர்வர் அசெம்பிள் செய்கிறோம். காப்புரிமைக்காரர் எங்களிடம் ராயல்டி கேட்க முடியுமா?

பதில்: முறையாக விற்ற பொருளில் காப்புரிமை தீர்ந்துபோகிறது, அதாவது அதற்கு மறுபடியும் பணம் கேட்க முடியாது என்பதே அமெரிக்கச் சட்டம். 2008 ஜூனில் குவான்டா–எல்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இதைத்தான் சொன்னது. எல்ஜி தன் காப்புரிமைகளுக்கு இன்டெலிடம் உரிமம் கொடுத்திருந்தது. இன்டெல் பாகத்தோடு இன்டெல் அல்லாத பாகத்தைச் சேர்த்தால் அந்த உரிமம் உங்களுக்குக் கிடையாது என்று வாடிக்கையாளருக்குக் கடிதம் மட்டும் அனுப்பச் சொன்னது. கம்ப்யூட்டர் செய்யும் குவான்டா சேர்த்தது. ஆனால் யாருக்கு விற்கலாம் என்று இன்டெலின் கையைக் கட்டும் வரி எதுவும் உரிமத்தில் இல்லை. ஆகவே எல்ஜி தோற்றது. செய்முறைக் காப்புரிமைகளும் விற்பனையோடு தீர்ந்துவிடும் என்றும் ஆனது.

உங்களுக்கு வேண்டியது இரண்டு காகிதம். ஒன்று, அங்கீகரிக்கப்பட்ட டீலரின் பில். ஆரம்ப விற்பனையே உரிமம் இல்லாத ஆள் செய்ததென்றால் எதுவும் தீராது. மற்றொன்று, காப்புரிமை வழக்கு வந்தால் செலவைத் தானே ஏற்பதாக சப்ளையர் தரும் இழப்பீட்டு உறுதி. ‘பிற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தினால் பொறுப்பில்லை’ என்ற விலக்கு அதில் எங்கேயாவது ஒளிந்திருக்கும். சர்வர் அசெம்பிள் செய்பவருக்கு அந்த உறுதி இருந்தும் இல்லாததுபோலத்தான். பேரம் பேசி நீக்கப் பாருங்கள். அமெரிக்கக் காப்புரிமை இந்தியாவில் நடக்கும் விற்பனையைத் தொடாது. பெட்டி அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானால் தொடும்.

கேள்வி: ராயல்டி ஒரு விழுக்காட்டுக்கும் குறைவுதானே, அதற்கு ஏன் இவ்வளவு அடிதடி?

பதில்: எதன் மீது அந்த விழுக்காடு? கார்னெல் பல்கலைக்கழகம் எச்பி மேல் தொடுத்த வழக்கில் விகிதம் 0.8தான். கண்டுபிடிப்பு பிராசஸருக்குள் இருக்கும் ஒரு பகுதியைப் பற்றியது. சர்வருக்குள் செருகும் ‘சிபியு பிரிக்’ என்ற முழுத் தொகுப்பின் விற்பனையான சுமார் 2,300 கோடி டாலர் மீது கணக்கிட்டு ஜூரி 18.4 கோடி கொடுத்தது. 2009இல் நீதிபதி அடித்தளத்தைப் பிராசஸர் அளவுக்குச் சுருக்கினார். அது ஏறத்தாழ 670 கோடி. தொகை 5.35 கோடிக்கு இறங்கியது. விகிதத்தை யாரும் தொடவில்லை. பேச்சுவார்த்தையில் விகிதத்துக்கு மல்லுக்கட்டுவதற்கு முன் எதன் மீது கணக்கு என்பதை முடித்துவிடுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டர் மெமரிக்கான டிடிஆர் பொதுத் தரநிலைதானே? மெமரி உத்திகளுக்கு உரிமம் விற்கும் ராம்பஸ் கம்பெனி எப்படிப் பணம் கேட்டது?

பதில்: தரநிலை பொதுவானது, அதற்குள் இருக்கும் உத்திகள் பொதுவானவை அல்ல. ராம்பஸின் மூல விண்ணப்பம் 1990ஆம் ஆண்டு. மெமரி தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பில் 1992 முதல் 1996 வரை உறுப்பினராக இருந்தது. 1990 தேதியை வைத்துக்கொண்டே பிற்பாடு புதிய உரிமைக்கோரல்களை (எது தன் கண்டுபிடிப்பு என்று காப்புரிமையில் வரையறுக்கும் வரிகளை) எழுத அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது, ராம்பஸும் எழுதியது. 2000இல் மெமரி சில்லு செய்த இன்ஃபினியான் மேல் வழக்குப் போட்டபோது, ஜெடெக்கிடம் அதை வெளியிடாததை ஜூரி மோசடி என்றது. 2003இல் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. எதை, எப்போது வெளியிட வேண்டும் என்று ஜெடெக் விதிகளில் தெளிவாக எழுதியிருக்கவில்லை என்பதே முக்கியக் காரணம். ஐரோப்பிய ஆணையம்தான் கடைசியில் கடிவாளம் போட்டது: 2009 டிசம்பர் உடன்பாட்டின்படி பழைய தலைமுறை எஸ்டிஆர், டிடிஆர் மெமரி சில்லுகளுக்கு ராயல்டி பூஜ்யம், டிடிஆர்2, டிடிஆர்3க்கு அதிகபட்சம் 1.5 விழுக்காடு. அதற்குமுன் டிடிஆருக்குக் கேட்டது 3.5.

கேள்வி: அமெரிக்க வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. முதலில் என்ன செய்வது?

பதில்: எதையும் அழிக்காதீர்கள். மின்னஞ்சல் தானாக அழியும் ஏற்பாடு இருந்தால் அன்றே நிறுத்துங்கள். ஆவணங்களை அழித்ததற்காகவே ராம்பஸின் காப்புரிமைகள் மெமரி கம்பெனியான மைக்ரான் மீது செல்லாது என்று 2009இல் டெலவேர் நீதிபதி சொன்னார். ‘ஆமாம், நம்ம டிசைன் அப்படித்தான்’ என்று எஞ்சினியர்கள் வாட்ஸ்அப்பில் எழுதிக்கொள்வதும் நாளை சாட்சியம். பிறகு, உரிமைக்கோரலின் ஒவ்வொரு உறுப்பையும் உங்கள் போர்டில் காட்டும் அட்டவணையை எதிர்த்தரப்பிடம் கேளுங்கள். ஓர் உறுப்பு விட்டுப்போனாலும் நேரடி மீறல் இல்லை. சில்லு சப்ளையருக்கும் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். தாமதித்தால் இழப்பீட்டு உறுதியே கைநழுவலாம். பதில் போடாமல் இருப்பதும் ஆபத்து: தெரிந்தே மீறியதாக ஆனால் இழப்பீட்டை மூன்று மடங்கு வரை உயர்த்த நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. வழக்கு மனு கைக்கு வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள்தான் அந்தக் காப்புரிமையை அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் இருதரப்பு மறுஆய்வுக்குக் (ஐபிஆர்) கொண்டுபோக முடியும்; அந்தத் தேதியை நாட்காட்டியில் வட்டமிடுங்கள்.

கேள்வி: உரிமத் தொகையில் வரி யார் தலையில்?

பதில்: ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், தொகையைப் பெறுபவர் தலையில். 2015இல் சாம்சங், நெட்லிஸ்ட் என்ற மெமரி கம்பெனிக்குத் தர வேண்டிய 80 லட்சம் டாலரில் 13.2 லட்சத்தைக் கொரிய வரி என்று பிடித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பியது. அதுவும் பிற்பாடு வழக்கில் ஒரு குற்றச்சாட்டானது. ‘வரி போக, கைக்கு வரும் தொகை இவ்வளவு’ என்று எண்ணில் எழுதி வாங்குங்கள்.