சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்பதற்காக லினக்ஸை அழிக்க வேண்டாம்

கேள்வி: என் லேப்டாப்பில் லினக்ஸ் ஓடுகிறது. வீட்டு வைஃபையில் தேடுபொறி, வீடியோ எல்லாம் வேகமாக வருகின்றன. வங்கித் தளமும் இன்னும் நாலைந்து தளங்களும் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் நேரம் முடிந்துவிட்டது என்கின்றன. மொபைலில் அதே தளங்கள் திறக்கின்றன. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் லேப்டாப்பிலும் திறக்கின்றன. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றியும் பலனில்லை. ரிமோட்டில் பார்த்த ஒருவர், லினக்ஸ் கெட்டுவிட்டது, அழித்துவிட்டு விண்டோஸ் போட வேண்டும், வைஃபை கார்டையும் மாற்ற வேண்டும் என்கிறார். அப்படித்தான் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஃபார்மட்டும் வேண்டாம், கார்டும் வேண்டாம். ஹாட்ஸ்பாட்டில் அந்த வங்கித் தளம் திறந்தது இதே லேப்டாப்பில், இதே பிரவுசரில், இதே வைஃபை கார்டு வழியாகத்தான். அந்த ஒரு சோதனையிலேயே மூன்றும் குற்றமற்றவை என்று ஆகிவிட்டது. அதைக் கேட்ட பிறகும் கார்டை மாற்றச் சொல்பவர் பழுது பார்க்க வரவில்லை, விற்க வந்திருக்கிறார்.

முதலில் மொபைல் சோதனையைச் சரியாகச் செய்யுங்கள். மொபைலில் வைஃபை சின்னம் தெரிந்தாலும், வைஃபையில் ஏதாவது தடுமாறினால் பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஐபோனில் இதற்கென்றே வைஃபை அசிஸ்ட் என்ற வசதி இருக்கிறது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் மட்டும் அந்தத் தளத்தைப் பிரவுசரில் திறந்து பாருங்கள். வங்கியின் ஆப்பில் பார்த்தால் செல்லாது, ஆப் வேறு சர்வரோடு பேசலாம். இப்போது மொபைலிலும் சுற்றினால் லேப்டாப்பைச் சந்தேகிப்பதை விட்டுவிடலாம், கோளாறு ரூட்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. மொபைலில் திறந்து லேப்டாப்பில் மட்டும் திறக்காவிட்டால், அந்த வைஃபைக்காக லேப்டாப் சேமித்து வைத்திருக்கும் அமைப்புகளைச் சந்தேகிக்க வேண்டும். லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனியாக டிஎன்எஸ், எம்டியு, ஐபிவி6 அமைப்புகளை வைத்திருக்கும் (கடைசி இரண்டும் என்னவென்று கீழே சொல்கிறேன்). என்றோ ஒருநாள் கையால் போட்ட எண் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். அந்த வைஃபையை 'மறந்துவிடு' என்று சொல்லி, கடவுச்சொல் கொடுத்துப் புதிதாக இணையுங்கள். நீங்கள் போட்ட 8.8.8.8-உம் அதோடு போய்விடும், போகட்டும்.

அடுத்து, பக்கம் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸில் இடது கீழ் மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி ஓடும். தளத்தின் முகவரியைத் தேடுகிறேன் என்ற நிலையிலேயே நின்றால், அல்லது அப்படி ஒரு தளமே இல்லை என்று பிழை வந்தால், அது டிஎன்எஸ் விவகாரம். டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக், அதாவது பாதுகாப்பான இணைப்புக்காகச் சர்வரோடு செய்யும் கைகுலுக்கல், என்ற சொல்லோடு நின்றால், டிஎன்எஸ் தன் வேலையை முடித்துவிட்டுப் போய் வெகு நேரம் ஆகிவிட்டது என்று அர்த்தம். பிறகு 8.8.8.8 போட்டாலும் 1.1.1.1 போட்டாலும் ஒன்றும் நடக்காது. எல்லா நோய்க்கும் டிஎன்எஸ்ஸை மாற்று என்று சொல்லும் பழக்கத்தை எப்போதுதான் விடுவார்களோ.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு அதிகம் பொருந்துவது பாக்கெட் அளவுக் கோளாறு. இணையத்தில் தகவல் சிறு சிறு பாக்கெட்டுகளாகப் போகிறது. வைஃபையிலும் ஈதர்நெட்டிலும் ஒரு பாக்கெட்டின் வழக்கமான உச்ச அளவு 1500 பைட். இதைத்தான் எம்டியு என்கிறார்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ வகை பிராட்பேண்டில், அந்த ஏற்பாடே ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட்டை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 1492. சிம் போடும் ரூட்டர்களில் இன்னும் குறையலாம். முகவரி கேட்பதும் இணைப்பைத் தொடங்குவதும் சின்னப் பாக்கெட்டுகள், அவை போய்வந்துவிடும். அதன் பிறகு வங்கியின் சர்வர் தன் சான்றிதழை அனுப்புகிறது. அது சில ஆயிரம் பைட் இருக்கும் என்பதால் முழு 1500 பைட் பாக்கெட்டுகளாக வருகிறது. வாசல் 1492, கட்டில் 1500. நுழையாது.

நுழையவில்லை என்றால், வழியில் இருக்கும் ரூட்டர் 'இது பெரிது, 1492-க்குள் அனுப்பு' என்று சர்வருக்கு ஒரு ஐசிஎம்பி செய்தி (வலைக் கருவிகள் கோளாறுகளைத் தெரிவிக்கும் செய்தி) அனுப்ப வேண்டும். 1990-இலேயே ஆர்எஃப்சி 1191 என்ற இணைய விதிமுறை ஆவணத்தில் எழுதி வைத்த விதி இது. ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பி மொத்தத்தையும் ஃபயர்வாலில் அடைத்து வைக்கும் நிர்வாகிகள் இன்றும் இருக்கிறார்கள். செய்தி சர்வரை எட்டாது. சர்வர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும், உங்கள் திரை சுற்றும். 2000-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2923 இந்தக் கோளாறைப் பெயர் சொல்லி விளக்கியிருக்கிறது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதை ஒரு வீட்டுப் பயனருக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. விளக்கம் போக வேண்டியது உங்களுக்கு இல்லை, அந்த ஃபயர்வாலை அடைத்தவருக்கு.

தேடுபொறியும் வீடியோவும் வருவதன் காரணமும் இதிலேயே இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் தளங்கள் பலவும் குயிக் என்ற முறையில் பேசுகின்றன. அதன் தொடக்கப் பாக்கெட்டுகளுக்குக் குறைந்தபட்ச அளவு 1200 பைட்தான், அங்கிருந்து வழி தாங்கும் அளவைத் தானே சோதித்து ஏற்றிக்கொள்ளும்.

சோதனை இதோ. டெர்மினலைத் திறந்து ஐபி லிங்க் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடியுங்கள். வரும் பட்டியலில் டபிள்யூ, எல் என்ற எழுத்துகளில் தொடங்குவதுதான் உங்கள் வைஃபையின் பெயர். பிறகு சூடோ (எஸ், யு, டி, ஓ), ஐபி, லிங்க், செட், டெவ் (டி, இ, வி), அந்தப் பெயர், எம்டியு, 1400 என்று இடைவெளி விட்டு ஒரே வரியில் அடித்து என்டர் தட்டுங்கள். பிரவுசரை மூடித் திறந்து, வங்கித் தளத்துக்குப் போங்கள். உடனே திறந்தால் நோய் தெரிந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, லேப்டாப்பை அணைத்துப் போட்டால் பழைய அளவு திரும்பிவிடும்.

சரியான எண்ணைக் கண்டுபிடிக்க, பழைய அளவுக்குத் திரும்பியபின் பிங் கட்டளை போதும். பிங் என்று அடித்து, சிறுகோடும் பெரிய எம் எழுத்தும், பிறகு டி, ஓ என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்த சொல், பிறகு சிறுகோடும் சின்ன எஸ் எழுத்தும், 1472 என்ற எண், கடைசியில் 1.1.1.1. எம்மைச் சின்ன எழுத்தில் போட்டால் பொருளே மாறிவிடும், கவனம். 'துண்டாக்காமல் இந்த அளவில் அனுப்பு' என்று இதற்குப் பொருள். 1472-உடன் தலைப்புத் தகவல் 28 பைட் சேர்ந்து 1500. பதில் வராவிட்டால் 1464, 1452, 1432 என்று இறக்கிக்கொண்டே போங்கள். பதில் வரும் மிகப் பெரிய எண்ணோடு 28-ஐக் கூட்டினால் அதுதான் உங்கள் எம்டியு. 1464-இல் வந்தால் 1492. சில நேரம் ரூட்டரே எம்டியு 1492 என்று பிழைச் செய்தியில் எழுதிக் காட்டிவிடும், கணக்கே போட வேண்டாம். உங்கள் ரூட்டரின் முகவரிக்குப் பிங் அடித்துப் பார்த்து எல்லாம் சரி என்று முடிவு கட்டாதீர்கள், குறுகிய இடம் ரூட்டருக்கு வெளியே இருக்கிறது.

அந்த எண்ணை நிரந்தரமாகப் போட, நெட்வொர்க்மேனேஜரின் மேம்பட்ட இணைப்பு அமைப்புகளில் உங்கள் வைஃபையைத் திறந்து, வைஃபை பக்கத்தில் எம்டியு என்ற கட்டத்தில் எழுதிச் சேமித்து, மறுபடி இணையுங்கள். இதன்பின் லேப்டாப் ஒவ்வொரு இணைப்பின் தொடக்கத்திலும் தன்னால் ஏற்க முடிந்த அளவைச் சர்வருக்குச் சொல்லிவிடும். எம்டியுவில் 40 கழித்த எண் அது, 1492 என்றால் 1452. சர்வர் அதற்கு மேல் அனுப்பாது. 1280-க்குக் கீழே மட்டும் இறக்காதீர்கள், அந்த இணைப்பில் ஐபிவி6 நின்றுவிடும். டிசிபி எம்டியு புரோபிங் என்ற கெர்னல் அமைப்பை 1 ஆக்கச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். அது உங்கள் லேப்டாப் அனுப்பும் பாக்கெட்டுகளுக்கு மட்டுமே உதவும். உங்களுக்குச் சிக்கிக்கொள்வது சர்வர் அனுப்புபவை.

1400 வைத்தும் திறக்கவில்லையா? அப்போது ஐபிவி6-ஐப் பாருங்கள். பலர் தவறாகவே கையாளும் இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே தளத்துக்குப் பழைய ஐபிவி4 முகவரியும் புதிய ஐபிவி6 முகவரியும் இருக்கலாம். பிரவுசர் ஐபிவி6-ஐ முதலில் முயலும், கால் நொடி அளவில் இணைப்பு கிடைக்காவிட்டால் ஐபிவி4-ஐயும் தொடங்கி, எது முந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தப் போட்டியில் சோதிக்கப்படுவது இணைப்பு கிடைக்கிறதா என்பது மட்டுமே. இணைப்புக்கான சின்னப் பாக்கெட்டுகள் ஐபிவி6-இல் போய்வந்துவிட்டால், பிரவுசர் ஐபிவி6 வென்றது என்று முடிவு செய்து அதையே பிடித்துக்கொள்ளும். பிறகு பெரிய பாக்கெட்டுகள் வராமல் போனாலும் ஐபிவி4-க்குத் திரும்ப அதற்குத் தோன்றாது. ஐபிவி6-இல் வழியில் இருக்கும் ரூட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாக்கவே கூடாது என்பது விதி. ஆகவே 'பெரிது' என்ற ஐசிஎம்பி செய்தி அங்கே இன்னும் முக்கியம், அதையும் அடைத்து வைத்திருப்பார்கள். பாக்கெட் அளவு தவிர, வெளியே பாதி வழியில் ஐபிவி6 பாதையே உடைந்திருக்கவும் கூடும், அதற்கு எம்டியு மருந்தில்லை.

சோதிக்க, பக்கத்தை டெர்மினலிலேயே இறக்கிக் காட்டும் கர்ல் (சி, யு, ஆர், எல்) கட்டளையோடு சிறுகோடு 4 சேர்த்துத் தளத்தின் முகவரியை எச்டிடிபிஎஸ்ஸோடு முழுதாகக் கொடுங்கள், பிறகு சிறுகோடு 6 சேர்த்துக் கொடுங்கள். 4-இல் பதில் கொட்டி 6-இல் தொங்கினால் குற்றவாளி ஐபிவி6. 6-இல் உடனே முகவரி இல்லை என்று வந்தால், அந்தத் தளத்துக்கு ஐபிவி6-ஏ கிடையாது, இந்தச் சந்தேகத்தை விட்டுவிடலாம். குற்றவாளி என்று உறுதியானால், அந்த ஒரு வைஃபையின் அமைப்பில் மட்டும் ஐபிவி6 பக்கத்துக்குப் போய் முடக்குங்கள். பூட் வரியில் சேர்த்து இயங்குதளம் முழுவதற்கும் முடக்கச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள். பின்னொரு நாள் வேறொரு வலையில் வேறொன்று வேலை செய்யாமல் போகும், காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

ஹாட்ஸ்பாட்டிலும் திறக்காத தளம் ஏதாவது இருந்தால் அது வேறு கதை, மிச்சம் சில்லறை. ஈடிசி கோப்புறையின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் விளம்பரத் தடைக்காகச் சேர்த்த வரிகள் இருக்கின்றனவா, கணினியின் தேதி சரியா, எக்ஸ்டென்ஷன்களை முடக்கினால் திறக்கிறதா என்று பாருங்கள்.

இனி, உங்களிடம் வரப்போகும் ஆட்கள். விபிஎன் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். உண்மையிலேயே சரியாகிவிடும், அதுதான் ஆபத்து. வயர்கார்ட் போன்ற விபிஎன் தன் எம்டியுவை வழக்கமாக 1420 என்று வைத்துக்கொள்கிறது, அதனால் பாக்கெட் சிறிதாகிக் கட்டணமின்றிச் சரியாகியிருக்க வேண்டிய கோளாறு மறைகிறது. தளத்தை யாரோ தடை செய்திருக்கிறார்கள் என்று நம்பி மாதாமாதம் பணம் கட்டுவீர்கள். இலவச விபிஎன் என்றால், முன்பின் தெரியாத ஒருவரின் சர்வர் வழியாக வங்கிக்குப் போகிறீர்கள்.

ரிமோட்டில் வருபவர் டெர்மினலில் சிவப்பு வரிகள் நிறைந்த பதிவைக் காட்டி எல்லாம் பிழை என்பார். நல்ல நிலையில் இருக்கும் லினக்ஸிலும் அந்தச் சிவப்பு வரிகள் இருக்கும். டிஎன்எஸ் முகவரி 127.0.0.53 என்று இருப்பதைக் காட்டி, உங்களை ஹேக் செய்துவிட்டார்கள் என்பார். அது சிஸ்டம்டி ரிசால்வ்ட் என்ற உள்ளூர்ச் சேவையின் முகவரி, பல டிஸ்ட்ரோக்களில் அப்படித்தான் இருக்க வேண்டும். இணையத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்டை இறக்கி நேராக சூடோவில், அதாவது கணினியின் முழு அதிகாரத்தோடு, ஓட்டச் சொன்னால், அந்த இடத்திலேயே இணைப்பைத் துண்டியுங்கள். அவர் இருக்கும்போது வங்கித் தளத்தில் உள்நுழைந்து காட்டியிருந்தால், ரிமோட் மென்பொருளை நீக்கிவிட்டு, வேறொரு கருவியிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள்.

மொபைல் டேட்டாவை அணைத்தபின் மொபைலிலும் திறக்காவிட்டால், லேப்டாப்பில் மட்டும் எண்ணை மாற்றுவது அரைகுறை வேலை. ரூட்டர் அமைப்பில் வேன் என்ற வெளி இணைப்புப் பகுதியில் எம்டியு 1492 என்று இருக்கிறதா பாருங்கள், எம்எஸ்எஸ் கிளாம்பிங் (லேப்டாப் சர்வருக்குச் சொல்லும் அந்த அளவை ரூட்டரே குறைத்துவிடுவது) என்று ஒரு தெரிவு இருந்தால் இயக்குங்கள். வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் அது போதும். ஃபேக்டரி ரீசெட் செய்தாலோ புதிய ஃபர்ம்வேர் ஏறினாலோ அது அணைந்துவிடக்கூடும், கோளாறு எப்போது தொடங்கியது என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தத் தெரிவு பூட்டப்பட்டிருந்தால் இணைய நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும். லினக்ஸ் என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். எடுத்தால் விண்டோஸில் பார்த்துவிட்டு வாருங்கள் என்று புகாரை மூடிவிடுவார்கள். ரூட்டரை அணைத்துப் போடுங்கள், கேஷை அழியுங்கள் என்று ஏட்டில் உள்ளதை வரிசையாகப் படிப்பார்கள், செய்தாயிற்று என்று சொல்லுங்கள். பிறகு இதை மட்டும் எழுதிவைத்துப் படியுங்கள்: "எல்லாக் கருவிகளிலும் சில தளங்கள் டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக்கில் நிற்கின்றன. துண்டாக்காத பிங் 1464-இல் போகிறது, 1472-இல் போகவில்லை. எம்டியுவை 1400 ஆக்கினால் தளங்கள் திறக்கின்றன. எம்எஸ்எஸ் கிளாம்பிங்கை இயக்க, புகாரை நெட்வொர்க் பிரிவுக்கு அனுப்புங்கள்." புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.