வேட்டை ரைபிளுக்கு வீட்டிலேயே உருமறைப்பு வண்ணம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என்னிடம் கறுப்பு சிந்தெடிக் ஸ்டாக் (தோளில் அணைத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கட்டை) வைத்த ரூகர் அமெரிக்கன் ரைபிள் இருக்கிறது. மான் சீசனுக்கு முன் ஸ்பிரே டப்பா வாங்கி நானே உருமறைப்பு வண்ணம் அடிக்கலாம் என்று இருக்கிறேன். எதில் தொடங்க வேண்டும்? (பென்சில்வேனியா வாசகர்)

பதில்: துப்பாக்கியைக் காலி செய்வதில் தொடங்குங்கள். மேகசினை (தோட்டாப் பெட்டி) கழற்றி, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) உருவி எடுத்து, சேம்பரை (தோட்டா அமரும் அறை) கண்ணால் பார்த்தபின் விரலை விட்டும் தடவிப் பாருங்கள். வேலை நடக்கும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. 'கேமஃப்ளாஜ்' என்று எழுதிய, துளியும் பளபளப்பில்லாத மேட் ஸ்பிரே மூன்று நிறத்தில் ஒவ்வொரு டப்பா போதும். கிரைலான், ரஸ்ட்ஓலியம் இரண்டிலும் இந்த வகை கிடைக்கும். பென்சில்வேனியாவின் பின்னிலையுதிர்காலக் காட்டுக்குக் காக்கி, மண் பழுப்பு, ஆலிவ் பச்சை பொருந்தும். ஒரு ரைபிளுக்கு எந்த டப்பாவும் முழுதாகத் தீராது. இவற்றோடு மாஸ்கிங் டேப், 400 எண் உப்புத்தாள் அல்லது சாம்பல் நிறத் தேய்ப்பு நார், ஐசோபுரோபில் ஆல்கஹால், நூல் உதிராத துணி, நைட்ரைல் கையுறை, காதில் வைக்கும் ஃபோம் அடைப்பான் ஒன்று.

மறைத்து ஒட்டுவதுதான் பாதி வேலை. குழல்வாயில் ஃபோம் அடைப்பானைச் செருகுங்கள். குழல் முனையின் விளிம்பில் பெயின்ட் படிந்தால் குண்டு சீராக வெளியேறாது. போல்ட் ஓடும் பாதை, தோட்டாவின் கூடு வெளியேறும் வாய், மேகசின் குழி, ட்ரிகர், சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு), ஸ்டாக்கின் பின்முனையில் உள்ள ரப்பர் பேட் எல்லாவற்றையும் டேப்பால் மூடுங்கள். ட்ரிகர் பெட்டிக்குள் பெயின்ட் தூசி போனால் ட்ரிகர் ஒட்டிக்கொள்ளும், அது உயிருக்கு ஆபத்து. சேஃப்டியின் சிவப்புப் புள்ளி பெயின்ட்டில் மறையக் கூடாது. வரிசை எண்ணின் மேல் கட்டாயம் டேப் ஒட்டுங்கள். அந்த எண்ணை அழிப்பது, மாற்றுவது அமெரிக்காவில் கூட்டரசுக் குற்றம். பெயின்ட் பூசுவது அழிப்பதாகாதுதான். ஆனாலும் படிக்க முடியாத எண்ணோடு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு திரிய வேண்டாம்.

ஸ்கோப்பையும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்து அடிப்பதாக இருந்தால் இரு கண்ணாடிகளையும் வட்டமாக வெட்டிய காகிதமும் டேப்பும் வைத்து மூடுங்கள். திருகிச் சரிசெய்யும் குமிழ்கள், உருப்பெருக்க வளையம், அவற்றின் எண்கள் ஆகியவற்றில் பெயின்ட் படக் கூடாது. வளையத்தின் இடுக்கில் பெயின்ட் இறங்கினால் அது இறுகிவிடும்.

அடுத்தது எண்ணெய் நீக்கம். பெரும்பாலான வேலைகள் பாழாவது இந்தக் கட்டத்தில்தான். எஃகுப் பகுதியை அசிட்டோனாலும், ஸ்டாக்கை ஆல்கஹாலாலும் துடையுங்கள். ஏபிஎஸ், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்குகளை அசிட்டோன் கரைத்துவிடும். உங்கள் ஸ்டாக் எந்தப் பிளாஸ்டிக் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் ஆல்கஹாலே நல்லது. துணியில் அழுக்கு வருவது நிற்கும் வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். பிறகு ஸ்டாக்கின் மினுமினுப்பு மங்கும் வரை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மறுபடி ஆல்கஹால். அதன்பின் வெறுங்கையால் தொடாதீர்கள். விரல் ரேகையில் உள்ள எண்ணெயே பெயின்ட் உரியப் போதும்.

முதலில் இருப்பதிலேயே வெளிர் நிறம், அதாவது காக்கி. 10 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் உள்ள, காற்று அதிகமில்லாத, உலர்ந்த நாளில் திறந்த வெளியில் அல்லது கதவு திறந்த கராஜில் அடியுங்கள். ஆவியைத் தடுக்கும் முகமூடி அணியுங்கள். தண்ணீர் ஹீட்டர் சுடர் உள்ள இடம் வேண்டாம், ஸ்பிரேயின் வாயு தீப்பிடிக்கும். டப்பாவை ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். 25 முதல் 30 செ.மீ. தூரத்தில், துப்பாக்கிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, அதைக் கடந்து, மறுபுறம் வெளியே விரலை எடுங்கள். முதல் கோட்டில் கறுப்பு தெரிந்தால் தெரியட்டும். மெல்லிய மூன்று கோட் அடித்தால் நிற்கும், கனமாக ஒரே கோட் அடித்தால் ஒழுகும்.

கேள்வி: இலைகளை வைத்து மிக நுணுக்கமாக அடித்தேன். கையில் வைத்துப் பார்த்தால் அழகு. முப்பது அடி தள்ளிப் பார்த்தால் ஒரே கரும்பச்சைக் கட்டையாகத் தெரிகிறது. ஏன்? (மிச்சிகன் வாசகர்)

பதில்: வடிவம் சிறியது, நிறங்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கம். தூரம் கூடும்போது சிறு புள்ளிகள் கண்ணில் கலந்து ஒரே நிறமாகிவிடும். உருமறைப்பின் நோக்கம் இலையை வரைவதல்ல, துப்பாக்கியின் நீண்ட நேர்க்கோட்டை உடைப்பது. காட்டில் அவ்வளவு நேரான, அவ்வளவு நீளமான கோடு அரிது. ஆகவே முதலில் பழுப்பு நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சாய்வான பட்டைகளை, குழலிலிருந்து ஸ்டாக்கின் குறுக்கே கீழ்வரை இழுங்கள். ஸ்கோப்பின் மேலும் அதே பட்டை தொடரட்டும். பட்டைகளுக்கு நடுவே காக்கி பெரிதாகத் தெரிய வேண்டும். பத்தில் நான்கு பங்காவது வெளிர் நிறமாகவே விட்டுவிடுங்கள். எல்லா இடத்தையும் நிரப்பிவிடும் ஆசைதான் இந்த வேலையைக் கெடுக்கிறது.

நுணுக்கம் அதற்குப் பிறகு. பட்டைகளின் ஓரத்தில் மட்டும் காய்ந்த புல் கொத்தையோ பெரணி இலையையோ பரப்பின் மேல் ஒட்டினாற்போல் பிடித்து, அதன் மேல் பச்சையை ஒரே வீச்சாக அடியுங்கள். இலை ஒரு செ.மீ. விலகினாலே விளிம்பு மங்கிவிடும். துணி துவைக்கும் வலைப்பையை இழுத்துக் கட்டி அதன் மேல் அடித்தால் பாம்புத்தோல் போன்ற வலைக்கோடு கிடைக்கும். அது ஓரிரு இடத்தில் போதும்.

உங்கள் துப்பாக்கியை மறுபடி உரிக்க வேண்டியதில்லை. பெயின்ட் முழுதாக இறுகியபின் காக்கியால் நாலைந்து அகலப் பட்டை போட்டாலே உருவம் உடைந்துவிடும்.

கேள்வி: இரண்டாவது நிறம் அடித்ததும் முதல் நிறம் தோல் போலச் சுருங்கிவிட்டது. சில இடங்களில் மணல் ஒட்டியது போலச் சொரசொரப்பு. (டெக்சாஸ் வாசகர்)

பதில்: இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள். மேலே தோல் காய்ந்து, அடியில் இறுகாமல் இருக்கும் நிலையில் அடுத்த கோட் அடித்தால், அதிலுள்ள கரைப்பான் அடித்தோலை ஊறவைத்துச் சுருக்கிவிடும். அதனால்தான் சில டப்பாக்களில் 'ஒரு மணி நேரத்துக்குள் அடியுங்கள், இல்லையென்றால் 48 மணி நேரம் காத்திருங்கள்' என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த இடைவெளியை மீற வேண்டாம். இரு வேறு நிறுவனப் பெயின்ட்களைக் கலந்து அடித்தாலும் இந்தச் சுருக்கம் வரலாம்.

சொரசொரப்புக்குக் காரணம் உங்கள் ஊர் வெயில். துளிகள் போய்ச் சேருமுன் காற்றிலேயே காய்ந்துவிடுகின்றன. காலையில், இன்னும் கொஞ்சம் நெருங்கி அடியுங்கள். சுருங்கிய இடத்தை ஒரு வாரம் விட்டு, 400 உப்புத்தாளால் சமமாக்கித் திருத்தலாம். மீன்கண் போலச் சிறு சிறு வட்டங்களாகப் பெயின்ட் விலகி நின்றால் அடியில் எண்ணெயோ சிலிகானோ இருக்கிறது. அங்கே துடைப்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

கேள்வி: மேலே மேட் கிளியர் கோட் (நிறமில்லாத காப்புப் பூச்சு) அவசியமா? குழல் துடைக்கும்போது வண்ணம் கையோடு வந்துவிடுகிறது. (ஜார்ஜியா வாசகர்)

பதில்: குழல் சுத்தம் செய்யும் திரவங்கள் டப்பாப் பெயின்ட்டை இளக்கும். கிளியர் கோட் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் கனமாக அடித்தால் மினுக்கம் வந்து, இத்தனை பாடுபட்ட மேட் தன்மையே போய்விடும். மெல்லிதாக இரண்டு கோட் போதும். தொட்டால் ஒட்டாத நிலை ஒரு மணி நேரத்தில் வரும். முழுதாக இறுக ஒரு வாரம் கொடுங்கள். சுத்தம் செய்யும் திரவத்தைத் துணியில் நனைத்துப் பயன்படுத்துங்கள், வழிய விடாதீர்கள். இன்னொரு எதிரி கொசு விரட்டி. டீட் கலந்த மருந்தைத் தடவிய கையால் துப்பாக்கியைப் பிடித்தால் பெயின்ட் பிசுபிசுத்துவிடும், சில பிளாஸ்டிக்குகளும் இளகும்.

கேள்வி: துப்பாக்கியை இவ்வளவு மறைத்துவிட்டு ஆரஞ்சு உடை போட வேண்டும் என்கிறார்களே, முரணாக இல்லையா? (ஒன்டாரியோ வாசகர்)

பதில்: முரண் இல்லை. மானின் கண்ணில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் இரண்டு வகைதான். நமக்குத் தீயாகத் தெரியும் ஆரஞ்சு அதற்குப் பச்சை, பழுப்போடு கலந்துபோகும். நீலத்தை அது நன்றாகவே காணும். அசைவையும் மினுக்கத்தையும் அதைவிட விரைவாகக் காணும். எனவே மானிடமிருந்து உங்களை மறைப்பது மேட் பரப்பும் அசையாத கையும். ஆரஞ்சு உடை இன்னொரு வேட்டைக்காரரின் கண்ணுக்காக. உங்கள் மாகாணத்தில் துப்பாக்கி மான் சீசனில் ஆரஞ்சுத் தொப்பியும் இடுப்புக்கு மேல் 400 சதுர அங்குல ஆரஞ்சும் கட்டாயம். பென்சில்வேனியாவில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம்.

கேள்வி: மர ஸ்டாக் உள்ள பழைய ரைபிளுக்கும் அடிக்கலாமா? (விஸ்கான்சின் வாசகர்)

பதில்: வேண்டாம். மரத்தின் துளைகளில் இறங்கிய பெயின்ட்டை எடுக்க மரத்தையே சுரண்ட வேண்டும். தன்மேல் தானே ஒட்டும் உருமறைப்புத் துணி டேப்பைச் சுற்றுங்கள். சீசன் முடிந்ததும், மழையில் நனைந்தால் அன்றே, பிரித்துவிடுங்கள். டேப்பின் அடியில் தங்கும் ஈரம் ஒரே வாரத்தில் குழலைத் துருப்பிடிக்க வைக்கும்.

கேள்வி: என் ரைபிளைப் பார்த்து நண்பர்கள் காசு தருகிறோம், எங்களுக்கும் அடித்துக் கொடு என்கிறார்கள். (ஒஹாயோ வாசகர்)

பதில்: சொந்தத் துப்பாக்கிக்கு அடிப்பது வேறு, தொழிலாகச் செய்வது வேறு. பிறர் துப்பாக்கிகளைப் பெற்றுக்கொண்டு காசுக்கு வேலை செய்து தருவதைத் தொழிலாக நடத்தக் கூட்டரசு உரிமம் தேவைப்படும். நண்பர்கள் தங்கள் வீட்டில் தாங்களே அடிக்கட்டும், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: பெயின்ட் அடித்தபின் குறி தள்ளிப் போகிறது. பெயின்ட்டின் கனம் காரணமா? (பென்சில்வேனியா வாசகர்)

பதில்: கனம் அல்ல. ஸ்டாக்கைக் கழற்றி அடித்திருந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். குழலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஒரு டாலர் நோட்டை நுழைத்து, குழலின் அடிவரை இழுத்துப் பாருங்கள். தடைபட்டால் உள்ளே பெயின்ட் படிந்திருக்கிறது, உப்புத்தாளால் எடுங்கள். ரைபிளின் உடல் அமரும் பரப்பில் பெயின்ட் இருந்தாலும் அது நேராக அமராது. பிறகு ஸ்டாக்கைப் பிணைக்கும் திருகுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்க்ரூடிரைவரால் (முறுக்கு விசையை அளந்து காட்டும் திருப்புளி) முறுக்குங்கள். கைக்கணக்கு வேண்டாம். ஸ்கோப்பைக் கழற்றியிருந்தால் குறியைப் புதிதாகச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

முதல் குண்டுக்கு முன் குழல்வாயில் வைத்த ஃபோம் அடைப்பானை எடுத்துவிட்டீர்களா? போல்ட்டைக் கழற்றிப் பின்னாலிருந்து குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். உள்ளே எதுவும் சிக்கியிருந்து சுட்டால் குழல் வெடிக்கும். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தபின் ஒரு துணித் துண்டைக் குழலில் ஓட்டிவிட்டு, 100 கஜத்தில் மூன்று குண்டு, ஒவ்வொன்றுக்கும் இடையே குழலை ஆறவிட்டுச் சுடுங்கள். தொடர்ந்து சுட்டுக் குழல் கொதித்தால் புதுப் பெயின்ட் இளகிவிடும்.