ஓட்டமும் காசும்: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு 44 வயது. திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொன்ன பிறகு நடக்கத் தொடங்கினேன். நடை ஓட்டமானது. இப்போது விடிய முதல் எழும்பி நிலாவெளி வீதியால் ஓடுகிறேன். போன வருடம் கொழும்பில் அரை மரதன் ஓடி முடித்தேன். இன்னும் மூன்று மாதத்தில் முழு மரதன் ஓட இருக்கிறேன். அதை வைத்துக் காசு சேர்த்து, சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்று வாங்கிக் கொடுக்க ஆசை. முகநூலில் போட்டேன். 300 பேர் விருப்பக்குறி போட்டார்கள், காசு போட்டவர்கள் 11 பேர். எங்கட சனத்துக்குக் கொடுக்க மனசில்லை அக்கா. மனைவியோ, "குடுக்கிறதெண்டா குடுங்கோ, அதுக்கு ஏன் ஓடவேணும்?" என்று கேட்கிறா. அவவுக்கு என்ன பதில் சொல்வது? வெறுங்காலுடன் ஓடுவதுதான் நல்லதென்று ஒரு நண்பர் சொல்கிறார். அதைப் பற்றியும் எழுதுங்கள்.

எஸ்.

அன்புள்ள தம்பி,

கொடுப்பது, வாங்குவது பற்றிக் கொஞ்ச நாளாக மனதுக்குள் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உமது கடிதம் வந்தது. சீனி என்று கேட்டதும் சாய்மனைக் கதிரையில் விழுந்து கிடக்கும் ஆண்களைத்தான் இந்த ஊரில் அதிகம் கண்டிருக்கிறேன். நீர் எழும்பி ஓடியிருக்கிறீர். கச்சான் காற்று நெருப்பாக வீசும் மாதங்களிலும் விடாமல் ஓடியிருப்பீர் என்று நம்புகிறேன். சந்தோசம்.

வெறுங்கால் விவகாரம்: சீனி உள்ளவர் காலில் காயம் பட்டால் பட்டதே தெரியாமல் போகலாம், புண் ஆறவும் நாள் எடுக்கும். வீட்டுக்குள்ளும் செருப்போடு நட என்றுதான் கிளினிக்கில் சொல்கிறார்கள். சப்பாத்தைப் போடும். அந்தக் கதை முடிந்தது.

மூன்று மாதத்தில் முழு மரதனா? எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டிகளில் தேசிக்காய்த் தண்ணீர் குடித்துக் குடித்துப் பொடியன்கள் ஓடினார்களே, அந்த மரதன் இல்லை இது. 42.195 கிலோமீற்றர். இங்கிருந்து கிட்டத்தட்டக் கந்தளாய்க்குப் போய்ச் சேருகிற தூரம். முப்பது கிலோமீற்றர் அளவில் உடம்பில் சேர்த்து வைத்த மாச்சத்து தீர்ந்து, சுகதேகிகளுக்கே கால் ஏவல் கேட்காது. சீனிக்குக் குளிசை எடுக்கிறவர் வைத்தியரைக் கேட்காமல் பெயர் பதியலாமா? கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

இனி, "எங்கட சனத்துக்கு மனசில்லை" என்றீரே, அதற்கு வருகிறேன். இந்த வசனத்தை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. 2011இல் தென்கோடித் தெவுந்தரமுனையிலிருந்து வடகோடிப் பருத்தித்துறை வரை 27 நாட்கள், 670 கிலோமீற்றர் நடந்து காசு சேர்த்தார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழும்பியது. 2016இல் பருத்தித்துறையிலிருந்து தெற்கே நடந்தார்கள், காலி கராப்பிட்டியவில் புற்றுநோய் வைத்தியசாலைக்காக. இரண்டு முறையும் இதே நாட்டுச் சனமும் கொடுத்தது.

கனடாவில் டெரி ஃபொக்ஸ் என்றொரு பொடியன். புற்றுநோயால் ஒரு கால் போய், புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்கச் செயற்கைக் காலோடு 1980 ஏப்ரலில் ஓடத் தொடங்கினான், நாளுக்கு ஏறக்குறைய ஒரு மரதன் தூரம். ஒரு சின்னத் துறைமுக ஊர் அவனுக்குப் பத்தாயிரம் டொலர் கொடுத்தது. பிரெஞ்சு பேசும் கியூபெக்கில் அவன் எதற்காக ஓடுகிறான் என்பதே பலருக்குத் தெரியவில்லை. அங்கே காசு பெரிதாகச் சேரவில்லை. அங்குள்ளவர்களுக்கும் மனசில்லை என்பீரா? 143ஆம் நாள் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவி ஓட்டம் நின்றது. அதற்குள் 5,373 கிலோமீற்றர் ஓடியிருந்தான். அடுத்த வருடம் இறந்தும் போனான். தன் ஓட்டத்தை வைத்து ஒருவரும் இலாபம் பார்க்கக்கூடாது என்று விளம்பரக்காரர்களைத் திருப்பி அனுப்பியவன். ஆராய்ச்சிக்குக் காசு வேண்டும் என்று கேட்டானே, அந்தத் தேவையை அவன் புற்றுநோய்க்கு மாதக்கணக்காகச் சிகிச்சை எடுத்து அறிந்தவன்.

நீர் இயந்திரம் என்றீர். யாரைக் கேட்டீர்?

சுனாமிக்குப் பிறகு இங்கே ஒரு பள்ளிக்கூட முகாமில் உடுப்புப் பிரிக்கிற வேலையில் இருந்தேன். லொறி லொறியாக வந்தது. கம்பளிச் சட்டை, கோட்டு, கலியாண வீட்டுக்கு உடுக்கிற மினுக்குச் சேலை. திருகோணமலை வெக்கையில் கம்பளி! வகுப்பறைக்குள் இடமில்லாமல் விறாந்தையில் குவித்தோம், மழையில் நனைந்து நாறியது. கொண்டு வந்தவர்கள் குவியலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நிலாவெளிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று, இருபது வயதிருக்கும், இரண்டு தரம் வந்து வந்து திரும்பிப் போனது. மூன்றாம் தரம் என் காதுக்குள் கேட்டது: "அன்ரி, உள்பாவாடை இருக்கா?" அத்தனை லொறியிலும் ஒன்றுகூட இல்லை. ஏகாம்பரம் வீதியில் திறந்திருந்த ஒரு கடையில் வாங்கிக் கொடுத்தோம். பிறகு பார்த்தால் முகாமில் எல்லாப் பெண்களுக்கும் அதுதான் தேவை. ஒருவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

சும்மா கேட்கிறேன் தம்பி, இயந்திரத்தை வாங்கி எங்கே வைக்கப்போகிறீர்? ஒரு தடவை சுத்திகரிக்க நாலு மணித்தியாலம் அளவில் எடுக்கும், நூறு லீற்றருக்கும் மேல் விசேடமாகச் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். பழகிய தாதி வேண்டும். வடிகட்டி, குழாய் எல்லாம் ஓயாமல் வாங்கவேண்டும். இவை இல்லாவிட்டால் உமது இயந்திரத்துக்கு உறை போட்டு மூலையில் வைப்பார்கள், உமது பெயர்ப் பலகையோடு. நோயாளியோ வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் வெருகல், பதவி சிறிபுர போன்ற தூரத்து ஊர்களில் இருந்து வரவேண்டும். கூட வருகிறவருக்கு அன்றைய கூலி போச்சு. அவர்களைக் கேட்டால் பஸ் காசு என்பார்களோ, மத்தியானச் சாப்பாடு என்பார்களோ, இயந்திரந்தான் என்பார்களோ, யார் கண்டது? பஸ் காசுக்காக மரதன் ஓடினேன் என்று முகநூலில் போட வடிவாக இருக்காது, உண்மைதான்.

ஆகவே சிறுநீரகக் கிளினிக் நாளில் போய் நோயாளிகளோடு அந்த வாங்கில் இரும். ஒரு நாள் காணாது. பொறுப்பான வைத்தியரிடமும் கதையும், தாதிமாரிடமும் கதையும். மனைவியையும் கூட்டிக்கொண்டு போம். உமக்குச் சொல்லாததை நோயாளிகளின் பெண்சாதிமார் அவவிடம் சொல்லுவினம். அவவுக்குப் பதில் எழுதச் சொன்னீர், நான் எழுதவில்லை. கேட்டது அவ, போய்ப் பார்த்துவிட்டு அவவே முடிவு சொல்லட்டும்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். பதிவுக் கட்டணம், கொழும்புப் பயணம், சப்பாத்து எல்லாம் உமது சம்பளத்தில். சேர்த்த காசில் ஒரு சதம் அதற்குப் போகக்கூடாது. அந்தப் 11 பேருக்கும் இன்று வரையான கணக்கை அனுப்பும். பற்றுச்சீட்டுப் புத்தகம் அடித்ததும் வீட்டுக்கு வாரும், முதல் சீட்டை என் பெயருக்கு எழுதலாம். வைத்தியர் தந்த கடிதத்தையும் கையோடு கொண்டு வாரும்.