அறுவடை ஆண்டைக் கேட்டு வாங்குங்கள்

இந்த வாரக் கடிதங்களில் பெரும்பகுதி வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களிடமிருந்து வந்தவை. அவற்றிலும் பல, பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவில் சிட்ரா என்ற ரகத்தைப் பற்றியவை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், யாக்கிமா பள்ளத்தாக்கில் உருவாகி 2008 வாக்கில் சந்தைக்கு வந்த ரகம் இது. எலுமிச்சை, பம்ப்ளிமாஸ், லிச்சி, மாம்பழம் என்று தூக்கலான பழ மணம். அந்த மணத்துக்காகத்தான் மற்ற ரகங்களைவிடக் கூடுதல் விலை கொடுக்கிறோம். மணம் போன பொட்டலத்தை வாங்கினால் கொடுத்த காசு வீண். அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: இணையத்தில் பாதி விலைக்கு 100 கிராம் சிட்ரா வாங்கினேன். சாதாரண ஜிப் பையில் வந்தது. பிரித்ததுமே பழைய சீஸ் வாடை. பரவாயில்லை என்று போட்டேன், பியரிலும் அதே வாடை. ‘தள்ளுபடிப் பொருளுக்குப் பணம் திரும்பத் தர மாட்டோம்’ என்கிறார் கடைக்காரர். — மெல்பர்ன் வாசகர்

பதில்: அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, விற்கிற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். விவரித்தபடியும் இருக்க வேண்டும். தள்ளுபடியில் விற்றாலும் இதே விதிதான். ‘ரீஃபண்ட் கிடையாது’ என்று கடையில் பலகை மாட்டுவதே சட்டவிரோதம். ‘பழைய சரக்கு, மணம் குறைவாக இருக்கும்’ என்று விற்கும்போதே சொல்லியிருந்தால் மட்டும்தான் கதை வேறு. உங்களிடம் அப்படி யாரும் சொல்லவில்லை.

அந்த சீஸ் வாடைதான் உங்கள் சாட்சி. ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் காற்றுபட்டுச் சிதையும்போது ஐசோவலரிக் அமிலம் உண்டாகிறது. வாடை அதிலிருந்து வருகிறது. நல்ல சரக்கில் அது இருக்காது. மிச்சமிருக்கும் பெல்லட்டுகளை, அதாவது அரைத்து அழுத்திய ஹாப்ஸ் துண்டுகளை, தூக்கிப் போடாதீர்கள். பையைப் படம் எடுங்கள், விற்பனைப் பக்கத்தையும் சேமித்து வையுங்கள். பணத்தை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் கன்சூமர் அஃபேர்ஸ் விக்டோரியாவிடம் போகலாம். வாடை தெரிந்த பிறகும் கொதியில் போட்டீர்கள் என்பதால் முளைகட்டிய தானியமான மால்ட், ஈஸ்ட் காசையும் சேர்த்துக் கேட்டால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். ஹாப்ஸ் விலையை மட்டும் விடாமல் கேளுங்கள்.

எனக்கும் ஒரு இணையக் கடை இதையே செய்தது. நெல்சன் சோவின் என்ற நியூசிலாந்து ரகம் கேட்டிருந்தேன். வெள்ளை ஒயினை நினைவூட்டும் மணம் அதற்கு. வந்த பையில் காய்ந்த புல் வாடைதான் இருந்தது. மின்னஞ்சல்களுக்குப் பதிலே இல்லை. கடைசியில் வங்கியில் சார்ஜ்பேக், அதாவது அட்டையில் செலுத்திய பணத்தை வங்கி வழியே மீட்கும் முறை, கேட்டுத்தான் பணம் திரும்பியது. நீங்களும் அட்டையில் செலுத்தியிருந்தால் அந்த வழி உண்டு. அதற்குக் காலக்கெடு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: 20 லிட்டருக்கு 60 கிராம் சிட்ரா போட்டேன், எல்லாம் கொதி ஆரம்பத்திலேயே. ஒரு மணி நேரம் கொதித்தது. நாக்கில் வைக்க முடியாத கசப்பு, மணம் துளியும் இல்லை. போலிச் சரக்குதானே? — லண்டன் வாசகர்

பதில்: இல்லை. சரக்கு நல்லதுதான், போட்ட நேரம் தவறு. கசப்பு தருபவை ஆல்ஃபா அமிலங்கள். கொதிக்கக் கொதிக்க அவை உருமாறிக் கரைந்து கசக்கும். மணம் தருபவை எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள். ஒரு மணி நேரம் கொதித்தால் அவை நீராவியோடு போய்விடும். ரசத்தை இறக்கும்போதுதானே கொத்தமல்லி தூவுகிறோம்? இதுவும் அப்படித்தான்.

சிட்ராவின் ஆல்ஃபா அமிலம் 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் செய்த முறையில் கசப்பு, ஐபியூ என்ற அலகில் 80ஐத் தாண்டும். சாதாரண பேல் ஏல் வகைப் பியரில் 30 முதல் 45 வரைதான் இருக்கும். அடுத்த முறை கொதி ஆரம்பத்தில் 10 கிராம் போதும். 20 கிராமை, அடுப்பை அணைத்து, கொதித்த மால்ட் சாறான வோர்ட் 80 டிகிரிக்கு இறங்கிய பிறகு போட்டு இருபது நிமிடம் விடுங்கள். மீதியை நொதித்தல் ஓய்ந்த பிறகு நொதிக்கும் கலனான ஃபெர்மெண்டரிலேயே, கொதிக்க வைக்காமல், டிரை ஹாப்பாகப் போடுங்கள். கடைக்காரருக்குப் புகார்க் கடிதம் எழுத வேண்டாம். அவர் உங்களுக்கு எதுவும் தர வேண்டியதில்லை.

கேள்வி: கோயம்புத்தூரில் இருக்கிறேன். ஹாப்ஸும் ஈஸ்ட்டும் இணையத்தில் கிடைக்கின்றன. வீட்டிலேயே காய்ச்சலாமா?

பதில்: கூடாது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937இன்படி குற்றம். மூலப்பொருளை யாரோ விற்கிறார்கள் என்பது உங்களுக்குப் பாதுகாப்பு ஆகாது.

கேள்வி: ஏல இணையதளம் ஒன்றில் ‘அசல் சிட்ரா வேர்க்கிழங்கு’ விற்கிறார்கள். கொல்லையில் நட்டால் ஆண்டுதோறும் வாங்கும் செலவு மிச்சம் என்று நினைக்கிறேன். — டொராண்டோ வாசகர்

பதில்: வாங்காதீர்கள். சிட்ரா பொது ரகம் கிடையாது. ஹாப் பிரீடிங் கம்பெனி என்ற நிறுவனத்துக்குச் சொந்தமான ரகம். ஒப்பந்தம் செய்துகொண்ட பண்ணைகள் மட்டுமே அதை வளர்க்கின்றன. வீட்டுத் தோட்டத்துக்கு அதன் கிழங்கை யாரும் முறையாக விற்பதில்லை. உங்களுக்கு வரப்போவது ஏதோ ஒரு ஹாப்ஸ் கிழங்கு. அது வளர்ந்து காய்த்து, மணத்தை முகர்ந்து பார்த்து ஏமாந்தோம் என்று தெரிய இரண்டு மூன்று கோடை ஆகிவிடும். அதற்குள் விற்றவரின் கணக்கே அந்தத் தளத்தில் இருக்காது. இந்த வியாபாரம் நடப்பதே அந்தத் தாமதத்தை நம்பித்தான். மாட்டிக்கொண்டவர்கள் சிலர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை, பார்த்ததும் கண்டுபிடிக்க வழியே இல்லாத மோசடி இது.

வளர்க்க ஆசை என்றால் கேஸ்கேட் வாங்குங்கள். 1972இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட பொது ரகம், யார் வேண்டுமானாலும் நடலாம். பம்ப்ளிமாஸ் மணமும் பூ மணமும் இருக்கும். ஒன்டாரியோ குளிரைத் தாங்கும். ஐந்து ஆறு மீட்டர் உயரம் படரும், கயிறு கட்டுங்கள். முதல் ஆண்டு விளைச்சலை எதிர்பார்க்காதீர்கள். வீட்டில் விளைந்ததில் ஆல்ஃபா அமிலம் எவ்வளவு என்று தெரியாது. அதனால் கசப்புக்குக் கடைச் சரக்கையும் மணத்துக்கு உங்கள் கொடியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாக்கெட்டில் ‘சிட்ரா, 50 கிராம்’ என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. ஆண்டு இல்லை. கேட்டால் ‘ஹாப்ஸ் எல்லாம் கெட்டுப்போகாது’ என்கிறார்கள். உண்மையா? — சிட்னி வாசகர்

பதில்: பொய். இந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹாப்ஸ் ஆண்டுக்கு ஒரு முறைதான் அறுவடையாகும். யாக்கிமாவில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வாக்கில். பறித்த பூவை உலர்த்தி, அரைத்து, பெல்லட்டாக அழுத்துகிறார்கள். பூவின் இதழ்களுக்கு அடியில் லுபுலின் என்ற மஞ்சள் துகள்கள் இருக்கின்றன. மணமும் கசப்பும் அதற்குள்தான். அரைக்கும்போது அவை உடைகின்றன. அதற்கு மேல் காற்று, வெப்பம், வெளிச்சம் மூன்றும் எதிரிகள். இது தெரிந்துதான் ஆலைகள் காற்றை வெளியேற்றி, நைட்ரஜன் நிரப்பி, தடித்த ஃபாயில் பைகளில் அடைத்துக் குளிர்கிடங்கில் வைக்கின்றன. அந்தப் பெரிய பையின் லேபிளில் அறுவடை ஆண்டும் ஆல்ஃபா அளவும் தெளிவாக அச்சாகியிருக்கும்.

கோளாறு ஆரம்பிப்பது சில்லறைக் கடையில். பெரிய பையை வெட்டி, கண்ணாடி போன்ற ஜிப் பைகளில் பிரித்துப் போட்டு, ஜன்னலோரம் ஆணியில் மாட்டிவிடுகிறார்கள். ஆண்டு அவர்கள் கையில் இருந்த லேபிளிலேயே இருந்தது. ஆல்ஃபா அளவும் இருந்தது. இரண்டையும் சின்ன ஸ்டிக்கரில் எழுத ஒரு நிமிடம் ஆகாது. எழுதவில்லை என்றால் அதற்குக் காரணம் ஒன்றுதான்: போன ஆண்டு, அதற்கு முந்தின ஆண்டு மிஞ்சியதையும் இந்த ஆண்டு விலைக்கே தள்ளிவிட வேண்டும். ரொட்டியிலும் பாலிலும் தேதி இல்லாமல் விற்றால் நாம் சும்மா இருப்போமா? மணத்துக்காகவே விலை போகும் ஒரு பொருளில் ஏன் சும்மா இருக்கிறோம்?

ஆல்ஃபா அளவு இல்லாவிட்டால் கசப்பையும் கணக்கிட முடியாது. சிட்ராவிலேயே ஓர் அறுவடையில் 11 சதவீதம் இருக்கும், இன்னொன்றில் 14 இருக்கும். ஒரே எடை போட்டாலும் பியர் வேறு வேறாக வரும். குறை நம் கைமணத்தில் என்று நினைத்துக்கொள்வோம்.

பழைய சரக்கு என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. ஃபாயில் உறையில், உறைநிலைப் பெட்டியில் இருந்த போன ஆண்டுச் சரக்கு நன்றாகவே இருக்கும். ஆண்டைச் சொல்லி விலையைக் குறைத்துத் தருகிற கடைகள் உண்டு, அவர்களிடம் தாராளமாக வாங்குங்கள். நான் வாங்கும் முன் கேட்பது மூன்று: எந்த ஆண்டு அறுவடை, ஆல்ஃபா எவ்வளவு, கடையில் எங்கே வைத்திருக்கிறீர்கள்? பதில் வராத கடையில் வாங்குவதில்லை. நீங்கள் வாங்கிய அந்த 50 கிராமைப் பிரித்து இரண்டு பெல்லட்டை விரலால் நசுக்கி முகருங்கள். பழ மணம் வந்தால் பயன்படுத்துங்கள். சீஸ் வாடையோ அட்டைப்பெட்டி வாடையோ வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடு. அறையில் 30 டிகிரி. இதற்காக ஒரு குளிர்பெட்டி வாங்கச் சொல்கிறார் நண்பர். அவசியமா?

பதில்: உடனே வேண்டாம். சாதாரண ஏல் ஈஸ்ட் 18 முதல் 20 டிகிரியில்தான் சுத்தமாக வேலை செய்யும். 30இல் சாராய நெடி அடிக்கும். ஆனால் குவைக் என்று நார்வே பண்ணை வீடுகளில் வழிவழியாக வந்த ஈஸ்ட் உண்டு. அதில் வோஸ் என்ற வகை 35 டிகிரியைத் தாண்டியும் நன்றாக நொதிக்கும், ஆரஞ்சு சாயலில் மணமும் தரும். சிட்ராவோடு நன்கு சேரும். முதலில் அந்த ஒரு பாக்கெட்டை வாங்கிப் பாருங்கள். வீட்டு உபயோகத்துக்குக் காய்ச்ச அங்கே அனுமதி உண்டு, விற்கக் கூடாது. ஹாப்ஸை மட்டும் உறைநிலைப் பெட்டியில் வையுங்கள், அலமாரியில் வேண்டாம்.

கேள்வி: லிட்டருக்கு 12 கிராம் டிரை ஹாப் போடச் சொல்கிறது ஒரு செய்முறை. ஒரு தடவைக்கே பெரிய செலவாகிறது. — நியூ ஜெர்சி வாசகர்

பதில்: அவ்வளவு தேவையில்லை. ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேஸ்கேட் ஹாப்ஸை வைத்துச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டினால் கூடுதல் ஹாப்ஸுக்கு ஏற்ற அளவு மணம் கூடவில்லை, இலை வாசம்தான் ஏறியது. நான்கு கிராமில் தொடங்குங்கள். ஹாப்ஸ் பியரையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நிறையப் போட்டால் பாட்டிலும் குறையும்.

கேள்வி: டிரை ஹாப் போட்ட பியரைப் பாட்டிலில் அடைத்தேன், சில நாளில் வெடித்துச் சிதறின. அலங்காரக் கடையில் வாங்கிய சதுரக் கிளிப் பாட்டில்கள். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் இல்லை, குமிழி நின்றதும் அடைத்தேன். நுரைக்காகச் சேர்த்த சர்க்கரை கண் அளவு. நஷ்டஈடு யாரிடம் கேட்பது? — பெர்த் வாசகர்

பதில்: யாரிடமும் இல்லை. எண்ணெய் ஊற்றி வைக்கச் செய்த பாட்டிலில் அழுத்தமுள்ள பியரை அடைத்திருக்கிறீர்கள். அளக்கவும் இல்லை. வீட்டில் யார் கண்ணிலும் கண்ணாடி படவில்லை என்பதே பெரிய விஷயம்.

ஹாப்ஸில் உள்ள நொதிகள், ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்டுவைத்த சர்க்கரையை உடைத்துக் கொடுக்கும். அடங்கிய ஈஸ்ட் மறுபடி எழுந்து வாயுவைக் கிளப்பும். குமிழி நின்றது எதற்கும் அத்தாட்சி ஆகாது. டிரை ஹாப் போட்ட பிறகு, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அளந்த அடர்த்தி மாறாமல் இருந்தால்தான் அடைக்கலாம். ஹைட்ரோமீட்டர் இந்தத் தொழிலில் மிக மலிவான கருவிகளில் ஒன்று, அதை வாங்காமல் விலையுயர்ந்த ஹாப்ஸ் வாங்கியிருக்கிறீர்கள். சர்க்கரை லிட்டருக்கு 6 கிராம், தராசில். பியருக்கென்றே செய்த பாட்டில், இல்லையென்றால் பெட் என்ற பிளாஸ்டிக் பாட்டில். மிஞ்சியவற்றை வெறும் கையால் தொடாதீர்கள். தடித்த கையுறையும் கண் கவசமும் போட்டுக்கொண்டு, மேலே தடித்த துணியைப் போர்த்தி அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: வெள்ளைக் கண்ணாடி பாட்டில் பார்க்க அழகாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வெயில் பட்டால் ஹாப்ஸ் பியரில் நாற்றமடிக்கும் கந்தகச் சேர்மம் உண்டாகும். பழுப்பு நிறப் பாட்டில் வாங்குங்கள்.

கேள்வி: வடிகட்டிய ஹாப்ஸ் சக்கையைத் தோட்டத்தில் கொட்டலாமா? வீட்டில் நாய் இருக்கிறது.

பதில்: கொட்டாதீர்கள். ஹாப்ஸ் நாய்க்கு விஷம். தின்றால் உடல்சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம். மூடிய குப்பைத் தொட்டியில் போடுங்கள். தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

கேள்வி: சிட்ரா கேட்டேன். கையிருப்பு இல்லை என்று சொல்லாமலே மொசைக் அனுப்பிவிட்டார்கள். ‘இரண்டும் ஒன்றுதான்’ என்கிறார்கள். — பர்மிங்காம் வாசகர்

பதில்: ஒன்று இல்லை. மொசைக் 2012இல் வந்த வேறு ரகம்; நல்ல ரகம்தான், ஆனால் புளூபெர்ரியும் மண்வாசமும் கலந்த மணம் அதற்கு. நீங்கள் கேட்டது அது இல்லை, அதுவே போதும். பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, விவரித்தபடி இல்லாத பொருளை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். திருப்பி அனுப்பும் செலவும் கடையுடையது. பொட்டலத்தைப் பிரிக்காமல், இன்றே எழுதுங்கள்.